சிஸ்டம்டி பயனர் சேவைகள்: செவ்வாய்ப்பேட்டை அச்சகத்திலும் ஏற்காட்டுத் தோட்ட அலுவலகத்திலும் பயன்படுத்திய பின் ஒரு மதிப்புரை

சேலம் செவ்வாய்ப்பேட்டையில் உள்ள ஓர் அச்சகத்தின் கணினிகளையும், ஏற்காட்டில் ஒரு காப்பித் தோட்ட அலுவலகத்தின் கணக்குக் கணினியையும் பராமரித்து வருகிறேன். இரண்டு இடங்களிலும் டெபியன் 12 என்னும் லினக்ஸ் இயங்குதளமும் கேடிஇ பிளாஸ்மா 5.27 டெஸ்க்டாப்பும் நிறுவப்பட்டுள்ளன. இந்த மதிப்புரை அந்த டெஸ்க்டாப்பைப் பற்றியதன்று. அதற்கு அடியில் கண்ணுக்குத் தெரியாமல் இருந்துகொண்டு, பயனர் உள்ளே நுழைந்ததும் அவருக்கு வேண்டிய பின்னணி நிரல்களை எழுப்பி, அவர் வெளியேறும்போது அவற்றை முறையாக நிறுத்தும் பயனர் மேலாளரைப் பற்றியது; லினக்ஸ் கணினியில் பின்னணி நிரல்களை (சேவைகளை) நிர்வகிக்கும் சிஸ்டம்டி என்னும் மென்பொருளின் ஒரு பகுதி அது. என் தீர்ப்பை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: எழுப்புவதில் இது நன்று, நிறுத்துவதில் இதற்கு இணையாக லினக்ஸில் நான் வேறொன்றைக் கண்டதில்லை.

லென்னார்ட் பொட்டரிங்கும் கே சீவர்ஸும் 2010இல் தொடங்கிய சிஸ்டம்டி, 2015இல் வந்த டெபியன் 8 முதல் அந்த இயங்குதளத்தின் இயல்பான தொடக்க மேலாளராக இருந்து வருகிறது. கணினி முழுவதற்குமான சேவைகளை அது கவனித்துக்கொள்வது பலருக்கும் தெரியும். ஒவ்வொரு பயனருக்கும் அது தனியே ஒரு மேலாளரை எழுப்புகிறது என்பதும், அவருடைய முதல் நுழைவில் பிறக்கும் அந்த மேலாளர் கடைசி அமர்வு (உள்ளே நுழைவது முதல் வெளியேறுவது வரையான காலம்) முடிந்த சில நொடிகளில் தானும் விடைபெற்றுக்கொள்கிறது என்பதும் அந்த அளவுக்குத் தெரிந்தவையல்ல. இதற்கு முன்பு நம்மிடம் இருந்தது, நுழைந்ததும் தொடங்க வேண்டிய நிரல்களைக் குறித்துவைக்கும் ஆட்டோஸ்டார்ட் கோப்புறை மட்டுமே. அதில் கிடக்கும் நிரல்கள் அனைத்தும் முன்பின் வரிசையின்றி ஒரே நேரத்தில் கிளம்பும். ஒன்று பாதியில் விழுந்தால் கேட்பாரில்லை. பயனர் வெளியேறும்போது திரையை நம்பியிருந்த நிரல்கள் திரை போனதும் அறுந்து விழும். திரையை நம்பாதவை யாருக்காக ஓடுகிறோம் என்று தெரியாமல் பின்னணியில் ஓடிக்கொண்டே இருக்கும்.

இந்த நிலையை மாற்றியது கிராபிக்கல்-செஷன்.டார்கெட் என்னும் இலக்கு. சேவைகளைச் சேர்த்துக் கட்டுவதற்கான பொதுப் பெயரையே சிஸ்டம்டி இலக்கு என்கிறது. திரையுடன் கூடிய அமர்வு ஒன்று இப்போது உயிரோடு இருக்கிறது என்பதற்கான பொது அடையாளம் அது. அமர்வோடு பிறந்து அமர்வோடு மறைய வேண்டிய சேவைகளை அதனுடன் கட்டிவிடலாம். குனோம் என்னும் மற்றொரு டெஸ்க்டாப் 2019இல் வெளியான 3.34 பதிப்பில் இந்த முறைக்கு மாறியது. பிளாஸ்மா 2021இல் 5.21 பதிப்பில் இதை விருப்பத் தேர்வாகத் தந்து, 2022இல் 5.25 பதிப்பிலிருந்து இயல்பாக்கியது. பழைய ஆட்டோஸ்டார்ட் கோப்புகளும் வீணாகவில்லை. 2020இல் வந்த சிஸ்டம்டி 246 பதிப்பு முதல், அந்தக் கோப்புகளைப் படித்து அவற்றைச் சேவைகளாக மாற்றித் தரும் ஒரு பகுதி உள்ளேயே இருக்கிறது.

அச்சகத்தில் இதை நான் மிகவும் மதிப்பது ஒரே ஒரு சேவைக் கோப்புக்காக (ஒரு சேவையை எப்படி எழுப்பி நிறுத்துவது என்று சிஸ்டம்டிக்குச் சொல்லும் உரைக் கோப்பு). திருமண அழைப்பிதழ்களும், ஆடி மாதத்தில் மாரியம்மன் கோயில் திருவிழாத் துண்டறிக்கைகளும் வடிவமைக்கப்படும் அந்த இடத்தில், அன்றைய வேலைக் கோப்புகள் அனைத்தும் இரண்டாவது வட்டு ஒன்றில் படியெடுக்கப்பட வேண்டும் என்பது உரிமையாளரின் கண்டிப்பான விதி. நேரம் குறித்துப் படியெடுத்தால், பக்கம் வடிவமைப்பவர் வேலையின் நடுவே இருக்கும்போது அரைகுறைக் கோப்பு போய்ச் சேரும். அவர் வேலையை முடித்து வெளியேறும் கணமே சரியான கணம். அந்தக் கணத்தைப் பிடித்துத் தருவதுதான் இந்த மேலாளரின் தனித்திறன்.

கோப்பு மிகச் சிறியது. அலகுப் பகுதியில் பார்ட்ஆஃப் (இலக்கு நின்றால் இதுவும் நிற்கும்), ஆஃப்டர் (இலக்குக்குப் பின் இது எழும்) ஆகிய இரண்டு வரிகளும், நிறுவல் பகுதியில் வாண்டட்பை (இலக்கு எழும்போது இதையும் எழுப்பும்) என்னும் வரியும், மூன்றுமே கிராபிக்கல்-செஷன்.டார்கெட்டைச் சுட்டுகின்றன. சேவைப் பகுதியில் வகை ஒன்ஷாட் என்றும், ரிமெய்ன்ஆஃப்டர்எக்ஸிட் ஆம் என்றும் இருக்கும்; அதாவது கட்டளை ஒருமுறை ஓடி முடிந்த பிறகும் சேவை இயங்குவதாகவே கருதப்படும். தொடக்கக் கட்டளை ஒன்றும் செய்யாத வெறும் ட்ரூ. உண்மையான வேலை நிறுத்தும்போது ஓட வேண்டியதைச் சொல்லும் எக்ஸெக்ஸ்டாப் வரியில் உள்ள, கோப்புகளைப் படியெடுக்கும் ஆர்சிங்க் கட்டளையில் இருக்கிறது. இதில் கவனித்து ரசிக்கத்தக்கது ஆஃப்டர் வரி. ஒன்றன் பின் எழுவது அதற்கு முன்பே நிறுத்தப்படும் என்பது சிஸ்டம்டியின் விதியாதலால், தொடக்கத்துக்காக எழுதிய அதே வரி முடிவுக்கும் வரிசை வகுத்துவிடுகிறது. அமர்வு மறைவதற்கு முன் படியெடுப்பு முடிந்தாக வேண்டும் என்பதைத் தனியாக எங்கும் எழுத வேண்டியதில்லை. இரண்டாவது வட்டை, இணைக்க வேண்டிய வட்டுகளின் பட்டியலான எஃப்எஸ்டேப் கோப்பில் பதிந்து, கணினி எழும்போதே இணையச் செய்திருக்கிறோம். அப்படிச் செய்தால்தான் கணினி அணையும்போது பயனர் சேவைகள் எல்லாம் முடிந்த பின்னரே அந்த வட்டு கழற்றப்படும். டெஸ்க்டாப்பில் சொடுக்கி இணைத்த வட்டுக்கு இந்த உறுதி கிடையாது.

அங்கே பக்கம் வடிவமைக்கும் பெண், "அண்ணா, நேத்து காப்பி ஆயிடுச்சான்னு எங்க பாக்கறதுங்க?" என்று கேட்டபோது, சிஸ்டம்டியின் பதிவுகளைக் காட்டும் ஜர்னல்சிடிஎல் கட்டளையைப் பயனர் விருப்பத்துடனும் சேவையின் பெயருடனும் ஒரு முறை அடித்துக் காட்டினேன். முந்தைய மாலை அவர் வெளியேறிய நேரம், படியான கோப்புகளின் பெயர்கள், சேவை நல்லபடியாக முடிந்ததற்கான வரி ஆகிய அனைத்தும் ஒரே இடத்தில் இருந்தன. இப்போது காலையில் வந்ததும் அவரே பார்த்துக்கொள்கிறார். ஆட்டோஸ்டார்ட் கோப்புறையின் காலத்தில் இப்படியொரு பதிலை எவராலும் தர முடிந்திருக்காது.

மாதாந்திரப் பராமரிப்புக்கு மின்சாரம் நிறுத்தப்படும் நாளாவது முன்கூட்டித் தெரியும். கோடை இடிமழை சொல்லிக்கொண்டு வருவதில்லை. அச்சகத்தின் யுபிஎஸ் சில நிமிடங்களே தாங்கும் என்பதால், அதன் மின்கலம் தீரும் நிலையை யுஎஸ்பி வழியாக அறிந்து கணினியை அணைக்கும் நட் என்னும் மென்பொருளை நிறுவியிருக்கிறோம். அந்தச் சூழலில்தான் நிறுத்தத்துக்கான காலவரம்புகள் முக்கியமாகின்றன. ஒரு சேவையை நிறுத்தும்போது சிஸ்டம்டி முதலில் சிக்டெர்ம் சமிக்ஞையை அனுப்பி அது தானாக விலகக் காத்திருக்கும். இயல்பாக 90 நொடிகள் கடந்தும் விலகாவிட்டால் சிக்கில் என்னும் சமிக்ஞையை அனுப்பிக் கொன்றுவிடும். ஏதேனும் ஒரு நிரல் பிடிவாதம் பிடித்தால், கருந்திரையில் சிவப்பு நட்சத்திரக் குறிகள் இடமும் வலமும் ஓட, ஒன்றரை நிமிடத்தை நோக்கி நொடிகள் ஒவ்வொன்றாக எண்ணப்படுவதைப் பார்த்துக்கொண்டிருக்க வேண்டியதுதான். யுபிஎஸ்ஸின் கடைசி மூச்சில் அந்த ஒன்றரை நிமிடம் பெரிய செலவு. ஆகவே கிளிப்போர்டு உதவியாளர், அறிவிப்பு நிரல் போன்றவற்றுக்கு டைம்அவுட்ஸ்டாப்செக் வரியில் 5 நொடி என்று எழுதிவிடுவதே விவேகம். படியெடுக்கும் சேவைக்கு மட்டும் தாராளமாக நேரம் விடலாம். அதற்கும் ஒரு மேல்வரம்பு உண்டு. கணினி முழுவதையும் அணைக்கும்போது பயனர் மேலாளருக்கே 120 நொடிகள்தான் தரப்படுகின்றன. உள்ளே உள்ள சேவைக்குப் பத்து நிமிடம் எழுதிவைத்தாலும் வெளியே இருக்கும் அந்த வரம்பே செல்லும்.

சேமிக்காத கோப்புகள் குறித்து ஒரு கடுமையான எச்சரிக்கையும் தேவை. "சேமிக்கவா?" என்று பயனரிடம் கேட்பது டெஸ்க்டாப்பின் அமர்வு மேலாளர் செய்யும் வேலை, சிஸ்டம்டி யாரிடமும் எதையும் கேட்பதில்லை. யுபிஎஸ்ஸின் தூண்டுதலால் நேரடியாக ஷட்டவுன் நடந்தால் அந்தக் கேள்வி திரையில் வராது. பக்க வடிவமைப்பு மென்பொருளான ஸ்கிரைபஸில் தானியங்குச் சேமிப்பை இயக்கி வைக்காத அச்சகம் எதுவாயினும் இன்றே இயக்கி வைக்க வேண்டும்.

ஏற்காட்டில் சிக்கல் வேறு வகையானது. ஏறத்தாழ 1,500 மீட்டர் உயரத்தில், காற்றுக்கு மரக்கிளை முறிந்து மின்கம்பியில் விழும் இடத்தில், மின்சாரம் திரும்பிக் கணினி எழுந்துவிட்டாலும் இணையம் உடனே எழுவதில்லை. தோட்டத்துக் கணக்குகள் இணையச் சேமிப்பகம் ஒன்றில் இருக்கின்றன. ஆர்குளோன் என்னும் கருவி அதை ஒரு கோப்புறையாக இணைத்துத் தருகிறது. ஆர்குளோன் தான் முழுமையாக இணைந்துவிட்டதை சிஸ்டம்டிக்குத் தானே அறிவிக்கக் கூடியது. சேவையின் வகையை நோட்டிஃபை என்று எழுதினால், கணக்கு மென்பொருள் அந்த அறிவிப்புக்குப் பிறகே எழும்படி வரிசைப்படுத்தலாம். ஆனால் இணையம் வந்த பிறகு ஆர்குளோனை எழுப்பு என்று மட்டும் எழுத முடியாது. வலையிணைப்பு வந்ததைக் குறிக்கும் நெட்வொர்க்-ஆன்லைன்.டார்கெட் கணினி முழுவதற்குமான மேலாளருக்கு உரியது. பயனர் சேவை எதுவும் அதைச் சார்ந்திருக்க இயலாது. இந்த முறையின் மிகப் பெரிய குறையாக இதையே சொல்வேன். மலைப்பகுதியில் வேலை செய்யும் எவரும் முதலில் முட்டிக்கொள்ளும் சுவர் இது.

மாற்றுவழி, தோல்வியுற்றால் மீண்டும் தொடங்கு என்று ரீஸ்டார்ட் வரியில் எழுதுவது. அதை மட்டும் எழுதினால் போதாது என்பதையும் சொல்லியாக வேண்டும். இயல்பான இடைவெளி நொடியில் பத்தில் ஒரு பங்குதான். பத்து நொடிகளுக்குள் ஐந்து முறை தொடங்கியும் பயனில்லாவிட்டால் சிஸ்டம்டி அந்தச் சேவையைக் கைவிட்டுவிடும். உடனுக்குடன் விழும் நிரலானால், இணையம் வருவதற்குள் ஐந்து வாய்ப்புகளும் கண்மூடித் திறப்பதற்குள் தீர்ந்துபோகும். ரீஸ்டார்ட்செக் வரியில் 30 நொடி என்று எழுதினால் அந்த வரம்பு ஒருபோதும் எட்டப்படாது; எத்தனை நேரம் கழித்து இணையம் வந்தாலும் அடுத்த அரை நிமிடத்தில் கோப்புறை இணைந்துவிடும். தோட்டத்து எழுத்தர் இப்போது எதையும் தொடுவதில்லை. கணினியை எழுப்பிவிட்டு, மற்ற வேலையைப் பார்க்கிறார்.

ஆவணங்களின் நிலை திருப்தி தருவதாக இல்லை. ஒவ்வொரு வரியின் பொருளும் துல்லியமாக எழுதப்பட்டிருக்கிறது, ஆனால் பல கையேட்டுப் பக்கங்களில் சிதறிக் கிடக்கிறது. ஒரு டெஸ்க்டாப் சேவையைத் தொடக்கம் முதல் முடிவு வரை எப்படி எழுதுவது என்பதைப் புதியவர் கைபிடித்துச் செல்லும்படி சொல்லும் பக்கம் இல்லை. அந்த இடைவெளியை நிரப்பும் இணையக் குறிப்புகளில் பல, நிறுவல் பகுதியில் டிஃபால்ட்.டார்கெட் என்று எழுதச் சொல்கின்றன. இது தீங்கானது. அந்த இலக்கு திரையைப் பற்றி அறியாதது. சேலத்திலிருந்து, தொலைவிலுள்ள கணினிக்குள் நுழைய உதவும் எஸ்எஸ்எச் வழியாக ஏற்காட்டுக் கணினிக்குள் நுழைந்தாலே அது எழும்பிவிடும், அதனுடன் கட்டப்பட்ட திரைச் சேவைகள் திரையின்றி எழுந்து விழும். தவிரவும், பயனர் டெஸ்க்டாப்பிலிருந்து வெளியேறிய பிறகும், வேறோர் அமர்வு திறந்திருக்கும் வரை அவை நிற்காது. திரை தேவைப்படும் சேவை கிராபிக்கல்-செஷன்.டார்கெட்டுடன்தான் கட்டப்பட வேண்டும். அதில் பார்ட்ஆஃப் வரி விடுபட்டால் எழுப்புதல் மட்டும் நடக்கும், நிறுத்தம் நடக்காது.

சூழல் மாறிகளை (நிரல்கள் தொடங்கும்போது படித்துக்கொள்ளும் அமைப்பு மதிப்புகளை) பொறுத்தவரை இது எளிது. தமிழ் உள்ளீட்டுக்கு வேண்டிய மாறிகளைப் பயனரின் என்விரான்மென்ட்.டி கோப்புறையில் எழுதிவைத்தால், மேலாளர் எழுப்பும் எல்லா நிரல்களுக்கும் அவை சென்று சேர்கின்றன. பின்னணிச் சேவைகளை பேக்ரவுண்ட்.ஸ்லைஸ் என்னும் பிரிவில் வைத்தால் சிபியு பங்கீட்டில் அவை மற்றவற்றுக்கு வழிவிடுகின்றன. கோப்புத் தேடலுக்கான அட்டவணை தயாரிப்பு நடக்கும்போதும் பக்க வடிவமைப்பு தடங்காமல் போகிறது.

பழைய கணினிகளில் ஸ்வே, ஓபன்பாக்ஸ் போன்ற எளிய சூழல்களை வைத்திருப்போருக்கு மட்டும் கூடுதல் வேலை உண்டு, ஏனெனில் அவை தாமாக அந்த இலக்கை எழுப்புவதில்லை. கட்டளையிலிருந்து நேராக எழுப்பவும் முடியாது, இலக்கே அதை மறுத்துவிடும். அதனுடன் பைண்ட்ஸ்டூ வரியால் கட்டப்பட்ட சொந்த இலக்கு ஒன்றை எழுதி, அதை எழுப்ப வேண்டும். வேலண்ட் என்னும் திரைமுறையில் ஓடும் ஸ்வே போன்ற சூழல்களுக்கு இந்த வேலையை முழுவதுமாக ஏற்றுக்கொள்ளும் யுடபிள்யுஎஸ்எம் என்னும் பைத்தான் கருவி இருக்கிறது. தொடங்க ஒரு கட்டளை, நிறுத்த ஒரு கட்டளை. இடையில் திரைச் சூழலையே ஒரு சேவையாக ஓட்டி, மாறிகளைச் சேர்த்து, முடிவில் அவற்றைத் துடைத்தும்விடுகிறது. அச்சகத்தின் முன்மேசையில் ரசீது போடும் பழைய கணினியில் ஸ்வேயுடன் இதை வைத்திருக்கிறேன்; மேலே சொன்ன படியெடுக்கும் சேவைக் கோப்பு, ஓர் எழுத்தும் மாறாமல், அங்கும் அப்படியே ஓடுகிறது.