மூன்று முறை பார்த்த பிறகு செலினா தொடர்

நெட்பிளிக்ஸில் வந்த ‘செலினா: தி சீரிஸ்’ தொடரை நான் முதலில் பார்த்தது 2021 ஜனவரியில். அறுவடைக்கு நின்ற சம்பா மேல் மழை கொட்டிய வருடம் அது, டெல்டாக்காரர்களுக்கு மறக்காது. வயலுக்கும் போக முடியாது, கொரோனாவால் ஊரில் எங்கும் கச்சேரியும் இல்லை, மாதம் 199 ரூபாய் மொபைல் பிளான் போட்டுக்கொண்டு போனிலேயே முதல் 9 எபிசோடையும் பார்த்து முடித்தேன். அதற்கு அப்புறம் அக்காவோடு ஒரு முறை, போன வருடம் அப்பா அம்மாவோடு ஒரு முறை. ஒரே தொடரை நாலு வருடத்தில் மூன்று முறை பார்த்ததில் என் அபிப்பிராயம் நிறைய மாறியிருக்கிறது, அதைத்தான் எழுதுகிறேன்.

செலினா கின்டனியா யார் என்று தெரியாதவர்களுக்குச் சுருக்கமாக. அமெரிக்காவின் டெக்சாஸில் 1971 ஏப்ரல் 16-ல் பிறந்த மெக்சிகோ வம்சாவளிப் பெண். அந்தப் பக்கத்து மெக்சிகோ வம்சாவளி மக்களின் ‘தெஹானோ’ இசையைப் பாடினார். அக்கார்டியன் என்ற துருத்தி வாத்தியமும் போல்கா என்ற ஐரோப்பிய ஆட்டத் தாளமும் கலந்த ஆட்டப்பாட்டு என்று வைத்துக்கொள்ளுங்கள். ஆண்கள் கோலோச்சிய மேடை அது. அதில் அண்ணன் ஏ.பி. பேஸ் கிடார், அக்கா சூசெட் டிரம்ஸ், நடுவில் இவர் பாட்டு, எல்லாவற்றையும் நடத்தியவர் அப்பா ஆபிரகாம். 1994-ல் கிராமி விருது. 1995 பிப்ரவரியில் ஹூஸ்டன் நகரின் ஆஸ்ட்ரோடோம் அரங்கில் 60 ஆயிரம் பேருக்கு மேல் உட்கார்ந்திருந்த கச்சேரி. அடுத்த மாதமே, மார்ச் 31-ல், ரசிகர் மன்றத்தையும் துணிக்கடைகளையும் பார்த்துக்கொண்ட பெண் சுட்டுக் கொன்றார். 24 வயது முடிய இரண்டு வாரம் இருந்தது.

இந்த முடிவு எல்லோருக்கும் தெரியும் என்பதால் தொடர் அதை நோக்கி ஓடவில்லை, அதுதான் எனக்குப் பிடித்த முதல் விஷயம். மொத்தம் 18 எபிசோடு, 2020 டிசம்பரில் 9, 2021 மே மாதத்தில் 9. இதில் பெரும்பகுதி ஒத்திகை, பயணம், பணக் கணக்கு, அடுத்த பாட்டு எங்கிருந்து வரும் என்ற கவலை. முதல் தடவை பார்த்தபோது எனக்கே கொஞ்சம் இழுவையாகத்தான் இருந்தது, குறிப்பாக ஏ.பி. பாட்டு எழுத முடியாமல் தவிக்கும் இடங்கள். பாடகியின் கதை என்று உட்கார்ந்தால் அண்ணனின் கதையாக ஓடுகிறதே என்று தோன்றியது.

எங்கள் வீட்டைப் பற்றிச் சொல்லாமல் மேலே எழுத முடியாது. வலங்கைமான் பக்கம் எங்கள் ஊர். அப்பா 14 வருடம் மெல்லிசைக் குழு வைத்திருந்தார். அவர் கீபோர்டு, நான் ரிதம் பேட், சித்தப்பா தபலா, அக்கா பாட்டு. பங்குனியில் வலங்கைமான் பாடைக்காவடித் திருவிழாவில் ஆரம்பித்தால் ஆடி முடியும்வரை நீடாமங்கலம், மன்னார்குடி, திருத்துறைப்பூண்டி என்று மாரியம்மன் கோயில் கோயிலாகப் போவோம். பழைய மெட்டடார் வேன். பின் சீட்டைக் கழற்றிவிட்டு ஆம்ப்ளிபயர் பெட்டியை ஏற்றி, அதன்மேல் ஜமுக்காளம் விரித்து அக்கா படுத்துக்கொண்டு வருவாள், கச்சேரி முடிந்து விடிகாலையில் வீடு திரும்பும்போது அவள் தலைக்குக் கீழே என் பேட் பெட்டி இருக்கும்.

கின்டனியா குடும்பத்தின் பழைய பஸ்ஸைப் பார்த்ததும் எனக்கு அந்த ஜமுக்காள வாசனையே வந்துவிட்டது. ‘பிக் பெர்தா’ என்று அதற்குப் பெயரே வைத்திருந்தார்கள். ஆபிரகாம் சின்ன வயதில் ‘லாஸ் டைனோஸ்’ என்ற குழுவில் பாடியவர், அது நின்றுபோய், பிற்பாடு ஓட்டல் ஆரம்பித்தார். பிள்ளைகள் முதலில் பாடியது அந்த ஓட்டலில்தான். எண்பதுகளின் தொடக்கத்தில் டெக்சாஸில் வந்த பொருளாதாரச் சரிவில் ஓட்டல் போயிற்று, வீடும் போயிற்று, குடும்பம் கார்பஸ் கிறிஸ்டி என்ற ஊருக்குக் குடிபெயர்ந்தது. அதற்கப்புறம் பிள்ளைகளின் கச்சேரிதான் சோறு. தான் விட்ட கனவும் வீட்டுச் செலவும் ஒன்றாகப் பிள்ளைகள் தலையில் இறங்கும்போது ஒரு தகப்பன் எப்படி இருப்பார் என்பதை ரிக்கார்டோ சவிரா நடிப்பில் பார்க்க வேண்டும். கத்துகிறார், பயப்படுகிறார், அடுத்த நிமிடம் பெருமையில் கண் கலங்குகிறார். அது எனக்குப் பழகிய முகம்.

இரண்டாம் முறை பார்த்தது அக்கா எங்கள் வீட்டுக்கு வந்திருந்தபோது. மொபைல் பிளானில் டிவியில் வராது, அதனால் டிவியில் ஓடும் பேசிக் பிளானுக்கு மாறினேன். 2021 டிசம்பரில் விலையைக் குறைத்த பிறகு அதுவே 199 தான். ஆங்கிலத்தில் சப்டைட்டிலோடு போட்டோம். பேச்சு எளிமையானதுதான், நடுநடுவே ஸ்பானிஷ் வரும், சப்டைட்டில் இருந்தால் சிரமம் இல்லை. ஒரு எபிசோடு முக்கால் மணிக்குள் முடிந்துவிடும்.

செலினாவுக்கு வீட்டில் பேசிய மொழி ஆங்கிலம். ஸ்பானிஷ் பாட்டுகளை அப்பா சொல்லிக்கொடுத்த ஒலியை வைத்துத்தான் முதலில் பாடினார். அந்தக் காட்சி வந்தபோது அக்கா டிவியை நிறுத்தச் சொன்னாள். அவளிடம் நீல அட்டை போட்ட ஒரு 200 பக்க நோட்டு உண்டு. இந்திப் பாட்டுகளைக் கேசட்டைத் திரும்பத் திரும்ப ஓடவிட்டுத் தமிழ் எழுத்தில் எழுதி வைத்திருப்பாள். ‘ஹ’ வரும் இடத்திலெல்லாம் சிவப்பு மையில் ஒரு புள்ளி, மூச்சு விட வேண்டிய இடத்தில் ஒரு கோடு. அர்த்தம் ஒரு வரிக்கும் தெரியாது, ஆனால் மேடையில் அவள் பாடினால் தெரியாமல் பாடுகிறாள் என்று யாரும் சொல்ல மாட்டார்கள். “இந்தப் பொண்ணும் இப்படித்தானா” என்று மட்டும் கேட்டுவிட்டு, போடு என்றாள்.

அப்புறம் அவள் சொன்ன ஒரு விஷயத்துக்குப் பிறகு நான் தொடரைப் பார்க்கும் விதமே மாறிவிட்டது. “கவனிச்சியா, இந்தப் பொண்ண தனியா விடவே மாட்டேங்கறாங்க. எப்பப் பாத்தாலும் யாராவது கூட நிக்கறாங்க, அவ என்ன நினைக்கறான்னு யாருமே கேக்கல.” உண்மைதான். தொடரின் பெரிய குறையும் இதுதான். செலினாவின் குடும்பமே தயாரிப்பில் இருக்கிறது, அப்பாவும் அக்கா சூசெட்டும் நிர்வாகத் தயாரிப்பாளர்கள். அதனால் அப்பா முடிவெடுப்பது, அண்ணன் பாட்டு எழுதுவது, அக்கா தயங்கித் தயங்கி டிரம்ஸ் பழகுவது எல்லாம் உள்ளே இருந்து பார்த்ததுபோல வந்திருக்கிறது. செலினா மட்டும் எப்போதும் சிரித்துக்கொண்டே இருக்கிறார். குழுவில் வாசித்த கிடாரிஸ்ட் கிறிஸ் பெரஸைக் காதலித்து, அப்பா ஒத்துக்கொள்ளாததால் 1992 ஏப்ரலில் சொல்லாமல் போய்க் கல்யாணம் செய்துகொண்ட பெண் அவர். அந்த முடிவுக்கு முந்தின ராத்திரிகள் எப்படிப் போயிருக்கும்? தொடர் அதற்குள் போதுமான அளவு போகவில்லை. செலினாவாக வரும் கிறிஸ்டியன் செராட்டோஸ் நன்றாகத்தான் நடித்திருக்கிறார், எழுத்து அவருக்கு இடம் கொடுக்கவில்லை.

எங்கள் அக்காவுக்குக் கல்யாணம் பேசியபோது மாப்பிள்ளை வீட்டில் மேடையில் பாடக்கூடாது என்றார்கள். அப்பா சரி என்றார். அக்காவிடம் கேட்டதாக எனக்கு ஞாபகம் இல்லை, நானும் கேட்கவில்லை. அடுத்த வருடமே குழுவைக் கலைத்தோம். கீபோர்டையும் பெட்டிகளையும் தகரக் கொட்டகையில் வைத்திருந்தோம், 2018 நவம்பரில் கஜா புயல் கொட்டகையோடு கொண்டுபோயிற்று. இதையெல்லாம் ஒரு தொடர் விமர்சனத்தில் எழுத வேண்டுமா என்று கேட்பீர்கள். எழுதத்தான் வேண்டும், ஏனென்றால் இரண்டாம் முறை நான் பார்த்தது முழுக்க இதைத்தான்.

பாட்டைத் தவிர செலினாவின் கை வேலையை இந்தத் தொடர் நன்றாகக் காட்டுகிறது. தன் மேடை உடைகளைத் தானே வடிவமைத்து, ஜிகினாவும் கல்லும் தானே ஒட்டுவார். அதுவே பின்னால் 1994-ல் சொந்தத் துணிக்கடையாக வளர்ந்தது. குடும்பத்தில் யாரும் சொல்லித்தராமல் அவராகத் தேடிக்கொண்ட வேலை அது என்பதால், அந்தக் காட்சிகளில் மட்டும் அவர் முகத்தில் வேறு ஒரு ஆள் தெரிகிறார். அக்கா அந்த இடங்களை இரண்டு தடவை போட்டுப் பார்த்தாள்.

விக் சரியில்லை, பல இடங்களில் ஒட்டவைத்ததுபோலத் தெரிகிறது. ஆஸ்ட்ரோடோம் மாதிரி பெரிய மேடைகளில் கூட்டத்தின் பிரமாண்டம் வரவில்லை. சின்ன மேடைகள் அருமை. கல்யாண வீட்டில், திருவிழாவில், பத்துப் பேர் மட்டும் நின்று கேட்கும் இடத்தில் பாடும்போது குழுவில் இருப்பவர்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொள்வார்களே, அந்தக் கண் ஜாடையைச் சரியாகப் பிடித்திருக்கிறார்கள். மேடையில் வாசித்தவர்களுக்கு அது புரியும்.

நம் பக்கத்தில் இப்படி ஒரு தொடர் எடுக்க ஆள் இல்லையே என்று எனக்கு ஆற்றாமை உண்டு. திருவாவடுதுறை ராஜரத்தினம் பிள்ளை, சீர்காழி கோவிந்தராஜன், நாகூர் ஹனிபா, இவர்கள் எல்லாம் காவிரித் தண்ணீர் பாயும் ஊர்களின் பெயர்கள். மாரியம்மன் கோயில் கச்சேரியில் நேயர் விருப்பச் சீட்டு வந்தால் நாலில் ஒன்று ஹனிபா பாட்டாக இருக்கும், அப்பாவே பாடுவார். எடுப்பவர்கள் பாடகரை மட்டும் காட்டாமல் கூட வாசித்தவரையும், வண்டி ஓட்டியவரையும், ராத்திரி சாப்பாடு எடுத்து வைத்துக் காத்திருந்த வீட்டுப் பெண்களையும் காட்ட வேண்டும். அந்த விதத்தில் செலினா தொடர் நல்ல முன்மாதிரி.

மூன்றாம் முறை அப்பா அம்மாவோடு. அப்பாவுக்கு ஆங்கிலம் வராது, நான் பக்கத்தில் உட்கார்ந்து சொல்லிக்கொண்டே வந்தேன். ஒரு நாளைக்கு ஒரு எபிசோடு, ராத்திரி சாப்பாட்டுக்குப் பிறகு. கடைசி எபிசோடை மட்டும் பகலில் பாருங்கள். சுடுவதை நேரடியாகக் காட்டவில்லை, அதற்காகத் தயாரித்தவர்களுக்கு நன்றி சொல்ல வேண்டும். ஆனால் அந்தக் குடும்பத்துக்குச் செய்தி போய்ச் சேர்வதை வீட்டுப் பெரியவர்களோடு உட்கார்ந்து பார்ப்பது லேசான காரியம் இல்லை. அம்மா பாதியில் எழுந்து கொல்லைப் பக்கம் போய்விட்டார்.

அப்பா கடைசிவரை அசையாமல் பார்த்தார். முடிந்ததும் எதுவும் சொல்லவில்லை. மறுநாள் காலை காப்பி குடிக்கும்போது கேட்டார், “அந்த பஸ்ஸ அப்புறம் என்ன பண்ணாங்க?” தெரியவில்லை என்றேன். கொஞ்ச நேரம் கழித்து, “அக்காகிட்ட அந்த நோட்டு இருக்கான்னு கேளு” என்றார். போன் போட்டுக் கொடுத்தேன், நீங்களே கேளுங்கள் என்று.