ஏற்காட்டு ஜாவாவும் சட்டையில்லாத கிழவரும்

ஏற்காட்டில் பழைய வெளிநாட்டுப் பொம்மை கிடைக்கிறது என்று யாராவது சொன்னால், இதைப் படித்துவிட்டு மலையேறுங்கள். நான் யாரையும் கேட்காமல் ஏறினேன். 20 கொண்டை ஊசி வளைவும் இறங்கி சேலம் அம்மாப்பேட்டைக்கு வந்து, நாலு நாள் கழித்துத்தான் 48,000 ரூபாய் போனது தெரிந்தது.

கடைப் பெயரைக் கேட்காதீர்கள், சொல்ல முடியாது. காரணம் பில். அதைப் பிறகு சொல்கிறேன்.

நான் சேர்ப்பது ஸ்டார் வார்ஸ் பொம்மைகள். 1977-ல் வந்த முதல் படத்துக்காகக் கென்னர் என்ற அமெரிக்கக் கம்பெனி போட்டவை. பெரும்பாலும் மூணே முக்கால் அங்குல உயரம். படம் வந்த வருஷம் கிறிஸ்துமஸுக்குள் பொம்மைகளைச் செய்து முடிக்க முடியாமல், 'பிறகு தபாலில் அனுப்புகிறோம்' என்ற சீட்டோடு வெறும் அட்டை உறையை விற்ற கம்பெனி அது. காலி உறைதான், ஆனால் காலி என்று சொல்லித்தான் விற்றார்கள். பொம்மைகள் 1978-ல் வந்தன. சேலத்தில் என் வயதுக்காரர் யாரும் அந்தக் காலத்தில் இவற்றைக் கடையில் பார்த்ததாகச் சொல்லி நான் கேட்டதில்லை. வெளிநாட்டில் வேலை பார்த்த யாராவது பெட்டியில் போட்டுக் கொண்டுவந்தால்தான் உண்டு.

அதனால்தான் ஏற்காட்டில் அந்தக் கதை எடுபட்டது. காபித் தோட்டம், ஓட்டு பங்களா, போர்டிங் பள்ளிக்கூடம் என்று இருக்கும் ஊர். கடைக்காரர் டீ வாங்கிக் கொடுத்து நிதானமாகச் சொன்னார்: "எஸ்டேட் பங்களா ஒண்ண காலி பண்றாங்க சார். அந்த வீட்டுப் பையன் 81-ல இங்க போர்டிங்ல படிச்சவன். அப்பா குவைத்ல இருந்தாரு. லீவுக்கு வரப்பல்லாம் வாங்கிட்டு வந்தது." கூடவே பழுப்பேறிய தாள் ஒன்று. 1981 என்று தேதி போட்டு, பொம்மைகளின் பட்டியல், ஒவ்வொன்றுக்கும் விலை. முகர்ந்து பார்த்தேன், காபி வாசம். எஸ்டேட் வீட்டுத் தாளில் காபி வாசம் அடிக்காமல் மல்லிகையா மணக்கும் என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன்.

பெட்டியில் 11 பொம்மைகள். பத்தைப் பற்றிப் பேச ஒன்றுமில்லை, எங்கும் கிடைப்பவை. பதினொன்றாவது ஒரு ஜாவா, அந்தப் படத்தில் வரும் ஒரு பாத்திரம். ரெண்டேகால் அங்குலக் குள்ளன், கண் மட்டும் தெரியும் முக்காடு. இது முதலில் வந்தபோது வினைல் மேலங்கி போட்டிருந்தது. மற்ற பொம்மைகளின் விலையே இதற்கும். ஆனால் ஆள் குள்ளம், மேலே பிளாஸ்டிக் துண்டு. காசுக்குப் பெறுமானம் இல்லாத மாதிரி தெரியவே, கம்பெனி சீக்கிரமே துணி அங்கிக்கு மாறிவிட்டது. துணி ஜாவா ஏராளம், வினைல் ஜாவா அபூர்வம். விலையில் மலைக்கும் மடுவுக்கும் உள்ள தூரம். கடைக்காரர் பெட்டியில் இருந்தது வினைல்.

எனக்கு இது தெரியாததல்ல. வினைல் ஜாவா என்றாலே போலியாக இருக்கும் என்று சந்தேகப்பட வேண்டும் என்பதை ஒன்பது வருஷமாக மற்றவர்களுக்குச் சொல்லிக்கொண்டிருப்பவன் நான். இருந்தும் மாட்டியதற்குக் காரணம், பெட்டியில் இருந்த பொம்மைகள் அத்தனையும் நிஜம். காலுக்குப் பின்னால் பொடி எழுத்தில் ஜி.எம்.எஃப்.ஜி.ஐ. 1977 என்ற முத்திரை தெளிவாக இருந்தது. கென்னர் அப்போது ஜெனரல் மில்ஸ் என்ற கம்பெனியின் கையில் இருந்தது, அதன் பொம்மைப் பிரிவின் பெயர்ச் சுருக்கம் அது. கீழே ஹாங்காங். ஜாவாவின் உடம்பிலும் அதே முத்திரை. பத்து பொம்மை நிஜம் என்று கண்ணால் பார்த்தபின் பதினொன்றாவதின் சட்டையை யார் பிரித்துப் பார்க்கிறார்கள்?

போதாக்குறைக்கு, நான் கேட்காமலே டம்ளரில் தண்ணீர் கொண்டுவரச் சொன்னார். ஸ்டார்ம்ட்ரூப்பர் என்ற சிப்பாய்ப் பொம்மையின் துப்பாக்கியை அதில் போட்டார். மிதந்தது. "ஒரிஜினல்தான் மிதக்கும், டூப்பு முங்கிரும், உங்களுக்கே தெரியும் சார்." தெரியும். ஒரு காலத்தில் அது சரியான சோதனை. இந்தச் சோதனை இருப்பது தெரிந்து, மிதக்கிற பிளாஸ்டிக்கிலேயே நகல் துப்பாக்கி போட ஆரம்பித்துப் பல வருஷம் ஆகிறது. அதையும் நான் படித்திருக்கிறேன். அந்த நேரத்தில் ஞாபகம் வரவில்லை, அவ்வளவுதான். விற்கிறவனே சோதனை செய்து காட்டினால் அந்தச் சோதனையைக் கணக்கில் எடுக்காதீர்கள்.

பாதி ஜிபே, பாதி ரொக்கம்.

நாலாம் நாள் செவ்வாய்ப்பேட்டையிலிருந்து மச்சான் வந்திருந்தார். என் மனைவியின் அண்ணன், கொலுசுப் பட்டறை வைத்திருப்பவர். பொம்மை சேர்ப்பதை அவர் ஒரு வியாதியாகத்தான் பார்ப்பார். ஆனாலும் கையில் கொடுத்தால் சும்மா இருக்கமாட்டார். கண்ணில் லென்ஸை மாட்டிக்கொண்டு ஜாவாவின் அங்கியைக் கொஞ்ச நேரம் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"மாப்ள, இது டை அச்சுல ஒரே அடியா வெட்டின ஓரம் இல்ல. பிளேடு. கீழ பாரு, ரெண்டு எடத்துல நிறுத்தி நிறுத்தி அறுத்திருக்கான்."

கை நுழையும் ஓட்டைகள் வழுவழுவென்று ஒரே சீராக இருந்தன, மச்சான் சொன்ன டை அங்கே அடித்தது தெரிந்தது. கீழ்விளிம்பு மட்டும் லேசாகச் சாய்ந்து, நடுவில் ஒரு பிசிறு. பிறகு பெட்டியைக் கிளறிவிட்டு அவர் கேட்டதுதான் வயிற்றைக் கலக்கியது: "அது சரி, இந்தக் கெழவன் சட்டை எங்க?"

ஓபி-வான் கெனோபி. தாடி வைத்த கிழவர். அவருக்கும் பழுப்பு நிற வினைல் மேலங்கி உண்டு. என் பெட்டியில் அவர் அங்கியில்லாமல் நின்றுகொண்டிருந்தார். தொலைந்திருக்கும் என்று நினைத்து நான் அதைப் பொருட்படுத்தவே இல்லை. தொலையவில்லை. கிழவரின் அங்கியைக் கழற்றி, கீழே அறுத்துச் சின்னதாக்கிக் குள்ளனுக்குப் போட்டிருக்கிறார்கள். இந்த மோசடியில் ரொம்பப் பழைய வழி இது. பொருள் வினைல் என்பதும் நிஜம், கென்னர் போட்டது என்பதும் நிஜம், அந்தக் காலத்தது என்பதும் நிஜம்.

அப்புறம் எல்லாம் வரிசையாக அவிழ்ந்தது. என்னிடம் ஏற்கெனவே இருந்த அசல் துப்பாக்கியைப் பக்கத்தில் வைத்தேன். புதிதாக வாங்கியது ஒரு மயிரிழை சின்னது, மேலே இருக்க வேண்டிய நுணுக்கமான கோடுகள் மழுங்கியிருந்தன. அசலிலிருந்து அச்சு எடுத்து ஊற்றினால் சுருங்கத்தான் செய்யும். தனியாகப் பார்த்தால் இது தெரியாது, ஜோடியாக வைத்தால் சின்னப் பிள்ளைக்கும் தெரியும். பெட்டியில் பொம்மைகளோடு வந்த ஆறு ஆயுதமும் நகல். கடைசியாக அந்தப் பழுப்புத் தாள். விலைகளுக்கு முன்னால் ₹ என்று அச்சாகியிருந்தது. அந்தக் குறி 2010 ஜூலையில்தான் அறிவிக்கப்பட்டது. அதை வரைந்த உதயகுமார் நம்ம தமிழ்நாட்டுக்காரர் என்று என் மகளுக்குப் பொது அறிவுப் பாடம் நடத்தியவன் நான். 81-ம் வருஷத் தாளில் அதைப் பார்த்துவிட்டு 48,000 எண்ணிக் கொடுத்திருக்கிறேன்.

மறுபடி மலையேறினேன். கடைக்காரர் கோபப்படவில்லை, அதுதான் எரிச்சல். அங்கியின் ஓரத்தைக் காட்டினேன். "அது வேரியேஷன் சார்." துப்பாக்கி சின்னதாக இருக்கிறதே? "ஹாங்காங் வேரியேஷன், தைவான் வேரியேஷன்னு இருக்கில்ல." தாள்? "அது நான் எழுதினதில்ல."

இந்த 'வேரியேஷன்' என்ற சொல்லைப் பற்றித்தான் முக்கியமாக எழுத வந்தேன். வேரியேஷன், அதாவது தொழிற்சாலையே செய்த மாற்றம், நிஜமாகவே இருக்கிறது. படத்தில் வரும் லூக், வேடர், ஓபி-வான் மூவரின் பொம்மைக்கும் ஆரம்பத்தில் ஒளிவாள் ரெண்டு கட்டமாக நீண்டது. கைக்குள்ளிருந்து ஒன்று, அதற்குள்ளிருந்து இன்னும் மெல்லியதாக ஒன்று. செய்யவும் சிக்கல், உடையவும் சுலபம் என்பதால் ஒரே கட்டமாக்கினார்கள். ஸ்னாகில்டூத் என்ற பொம்மை 1978-ல் சியர்ஸ் என்ற அமெரிக்கக் கடைக்கான செட்டில் நீல உடையும் பூட்ஸும் போட்டு உயரமாக வந்தது. கம்பெனியிடம் இருந்தது இடுப்புக்கு மேல் தெரியும் படம்தான், உயரத்தை ஊகித்துச் செய்துவிட்டார்கள். தப்பு தெரிந்ததும் சிவப்பு உடைக் குள்ளனாக மாற்றினார்கள். தொழிற்சாலை மாறும்போது அச்சில் நாட்டின் பெயரைச் சுரண்டி எடுத்திருக்கிறார்கள். அதனால் ஹாங்காங் என்றே போடாத அசல் பொம்மைகளும் உண்டு. ஆக, ஒவ்வொரு மாற்றத்துக்கும் பட்டறையில் ஒரு காரணம் இருக்கும். அச்சு, செலவு, உடைசல், தப்பு, ஏதாவது ஒன்று. ஒரே பொம்மையில் மட்டும் காணப்படுகிற, எந்தத் தொழிற்சாலையும் செய்திருக்கத் தேவையில்லாத வித்தியாசத்துக்கு வேரியேஷன் என்று பெயரில்லை. 'ஏன் மாற்றினார்கள்?' என்று கேளுங்கள். "ரொம்ப ரேர் சார்" என்பது அதற்குப் பதில் ஆகாது.

பில் விஷயம். வெள்ளைத் தாளில் 'பழைய பொம்மை - 11' என்று மட்டும் எழுதியிருந்தார். ஜாவா, வினைல், ஒரிஜினல், 1978 எதுவும் இல்லை. நுகர்வோர் உதவி எண் 1915-ஐக் கூப்பிடலாம் என்று கிளம்பினேன். வக்கீல் நண்பர் பில்லைப் பார்த்துவிட்டுச் சிரித்தார். "பழைய பொம்மை கேட்டீங்க, பதினொண்ணு கொடுத்துட்டாரு. இதுல என்னன்னு கேஸ் போடறது?" அவர் வாயால் சொன்ன அத்தனையையும் பில்லில் ஒரு வரியாக எழுதச் சொல்லியிருந்தால், எழுத மறுத்த அந்த நிமிஷமே எனக்கு விளங்கியிருக்கும்.

திரும்பி வரும்போது அடிவாரத்தில் ஒரு தட்டுவடை செட் சாப்பிட்டேன். அன்றைக்கு ஏமாறாமல் வாங்கிய ஒரே பொருள்.

போன வாரம் குடும்பத்தோடு ஏற்காடு போன நண்பர் ஒருவரை அந்தக் கடையில் எட்டிப் பார்க்கச் சொன்னேன். செல்போனில் படம் அனுப்பினார். அதே கண்ணாடி அலமாரி, அதே தட்டு. வினைல் அங்கி போட்ட ஜாவா ஒன்று, பக்கத்தில் பழுப்புத் தாள். ரெண்டு பொம்மை தள்ளி, சட்டையில்லாமல் ஒரு ஓபி-வான்.