லிஃப்ட் கிட் போட்ட பிக்கப்: எல்லாம் நன்று, அந்த நடுக்கத்தைத் தவிர

பிக்கப் வைத்திருக்கும் நண்பன் கேட்டிருந்தான்: "உன் வண்டி மாதிரி என்னுடையதையும் ரெண்டு இன்ச் தூக்கிவிடலாமா? வீட்டிலேயே செய்ய முடியுமா?" ஒரே வரியில் பதில் போட்டு முடித்திருக்கலாம். ஆனால் அவன் கேட்ட வாரத்தில்தான் கியர்பாக்ஸிலிருந்து பின்சக்கரங்களுக்குச் சுழற்சியைக் கொண்டுபோகும் புரொப்பல்லர் ஷாஃப்டை நடுவில் தாங்கும் சென்டர் பேரிங்கை மறுபடி மாற்ற வேண்டி வந்தது. அந்தக் கடுப்பு ஆறுவதற்குள் எழுதிவிடுகிறேன். என்ஜின், கியர்பாக்ஸ், டர்போ விவரமெல்லாம் அவனுக்கே அத்துப்படி.

லிஃப்ட் கிட், அதாவது வண்டியின் பாடியை உயர்த்தும் உதிரிபாகத் தொகுப்பு, அதை வீட்டிலேயே போட முடியுமா என்றால், தாராளமாக முடியும். சமமான கான்கிரீட் தரை, தரமான ஜாக்கி ஸ்டாண்டுகள், நீளமான கைப்பிடி உள்ள ஸ்பானர்கள், முறுக்கின் அளவைக் காட்டும் ஒரு டார்க் ரெஞ்ச், துருவை இளக்கும் ஸ்பிரே. இவ்வளவு போதும். வெறும் ஜாக்கியை நம்பி வண்டிக்கு அடியில் தலையை நீட்டுகிறவனோடு எனக்குப் பேச்சே இல்லை.

எஃகுப் பட்டைகளை அடுக்கிய பின்பக்க லீஃப் ஸ்பிரிங் வேலையில் கிட்டோடு வரும் காகிதம் சொல்லாத இரண்டு விஷயங்கள் உண்டு. ஒன்று, பழைய யூ போல்ட்டைத் திரும்பப் போடக் கூடாது. முறுக்கும்போது அது இழுபட்டுத்தான் பட்டைகளை ஆக்சிலோடு பிடித்து வைக்கிறது. ஒரு முறை இழுபட்ட போல்ட் அடுத்த முறை அதே பிடியைத் தரும் என்று நம்ப முடியாது. புதிதைப் போட்டாலும், கொஞ்ச தூரம் ஓட்டிவிட்டு மறுபடி முறுக்கிப் பார்க்க வேண்டும். இரண்டு, ஸ்பிரிங் கண்ணிலும் (பட்டையின் முனை வளையம்) அதைச் சேஸிஸோடு இணைக்கும் ஷாக்கிளிலும் ரப்பர் புஷ் இருந்தால் அங்கே உள்ள போல்ட்டுகளை வண்டி அந்தரத்தில் இருக்கும்போது கடைசி முறுக்கு முறுக்கக் கூடாது. சக்கரம் தரையில் ஊன்றி, எடை முழுவதும் ஸ்பிரிங் மேல் இறங்கிய பிறகே முறுக்க வேண்டும். இல்லாவிட்டால் புஷ் எப்போதும் முறுக்கிக்கொண்டே நின்று சீக்கிரம் கிழிந்துவிடும்.

சரி, நடுக்கத்துக்கு வருகிறேன். லிஃப்ட் போட்ட பிறகு, நின்ற இடத்திலிருந்து முதல் கியரில் கிளட்ச்சை விட்டதும் சீட்டுக்குக் கீழே ஒரு உதறல். 'தடதட'வென்று வந்து, வேகம் கொஞ்சம் ஏறியதும் ஒன்றும் தெரியாதது போல் நின்றுவிடும். கிளட்ச் பிளேட் என்றார்கள், என்ஜின் மவுண்ட் என்றார்கள், வீல் பேலன்ஸ் என்றுகூட ஒருவர் சொன்னார். நின்ற இடத்தில் கிளம்பும்போது வருவதற்கும் வீல் பேலன்ஸுக்கும் என்ன சம்பந்தம்? பின்னால் மணல் மூட்டைகளை ஏற்றி ஓட்டியபோதுதான் துப்பு கிடைத்தது. சுமை ஏறியதும் உதறல் காணாமல் போனது. சுமையில் ஸ்பிரிங் அமுங்க, ஷாஃப்டின் கோணம் பழைய நிலைக்குப் போய்விடுகிறது. ஆக, கோளாறு கோணத்தில்தான்.

ஷாஃப்டைச் சாய்விலும் சுற்றவிடும் இணைப்பான யுனிவர்சல் ஜாயிண்டின் குணம் இது: நேராக இருந்தால் சீராகச் சுற்றும், சாய்வில் சுற்றினால், ஒவ்வொரு சுற்றிலும் வெளிப்பக்கம் இரண்டு முறை வேகம் கூடி இரண்டு முறை குறையும். ஒரு ஜாயிண்ட் செய்வதை இன்னொன்று எதிர்த்திசையில் செய்து ஈடுகட்டும் என்பதே கணக்கு. அதற்கு இரண்டு கோணமும் ஏறக்குறைய சமமாக இருக்க வேண்டும், யோக்குகள், அதாவது ஜாயிண்டைப் பிடிக்கும் கவை முனைகள், ஒரே வரிசையில் நிற்க வேண்டும். எங்கள் வண்டிகளைப் போல இரண்டு துண்டு ஷாஃப்ட் என்றால் நடுவில் ஒரு சென்டர் பேரிங்கும் கூடுதலாக ஒரு ஜாயிண்டும். பாடி மேலே போக, ஆக்சில் அதே இடத்தில் நிற்க, பாடியில் தொங்கும் சென்டர் பேரிங்குக்குப் பின்னால் உள்ள கோணம் மட்டும் பெரிதாகிறது. ஈடுகட்டும் கணக்கு அங்கே உடைகிறது.

இதற்கு வைத்தியமும் உண்டு. சென்டர் பேரிங் பிராக்கெட்டுக்கும் சேஸிஸுக்கும் நடுவே ஸ்பேசர் என்ற இடைத்துண்டைக் கொடுத்து பேரிங்கை இறக்குவது. பட்டைக்கும் ஆக்சிலுக்கும் நடுவே ஆப்புத் தகடு கொடுத்து, பின் ஆக்சிலின் நடுவே உள்ள பல்சக்கரப் பெட்டியான டிஃபரென்ஷியலின் மூக்கைத் திருப்புவது. ஆப்பு அலுமினியத்தில் வேண்டாம், நசுங்கி உதிரும், எஃகில் வாங்கு. ஷாஃப்டைக் கழற்றுவதற்கு முன் ஃபிளாஞ்சிலும் (ஷாஃப்ட் போல்ட்டால் பொருந்தும் தட்டு) யோக்கிலும் பெயின்ட் கோடு போட்டுவை, வரிசை மாறிவிட்டால் புதிய நடுக்கம் ஒன்று சேர்ந்துகொள்ளும். நான் இதையெல்லாம் செய்தேன். முன்பு பத்தில் எட்டு முறை வந்த உதறல், இப்போது மேட்டில் கிளம்பும்போது மட்டும் வருகிறது. ஆனால் ஸ்பேசரை ஏற்றினால் கிளம்பும்போது உதறாது, நெடுஞ்சாலை வேகத்தில் தரையில் ஒரு 'ம்ம்ம்' ஒலி. ஸ்பேசரைக் குறைத்தால் ஒலி போகும், உதறல் வரும். இந்த இரண்டுக்கும் நடுவில் ஒரு வாஷரின் தடிமனைத் தேடிக்கொண்டே காலம் போகிறது. கழற்றிய பழைய ஜாயிண்டின் கிராஸை, அதாவது நடுவிலுள்ள சிலுவை வடிவத் துண்டை, துடைத்துப் பார்த்தால், ஊசி உருளைகள் பதிந்த கோடுகள் வரிவரியாகத் தெரிகின்றன. நகத்தை ஓட்டினால் ஒவ்வொரு கோட்டிலும் தட்டுகிறது.

கிட் செய்த கம்பெனிக்காரர்கள் இதை ஒரு வரியில் சொல்லியிருக்கலாம். அட்டைப்பெட்டியில் மலை ஏறும் வண்டிப் படத்தைப் பெரிதாகப் போட அவர்களுக்கு இடம் இருக்கிறது. அதைவிட மோசம், பிரேக்கைப் பற்றி மூச்சே விடவில்லை. பல பிக்கப்களில் பின்பிரேக்குக்குப் போகும் அழுத்தத்தை ஒரு வால்வு கட்டுப்படுத்தும். அதிலிருந்து ஒரு கம்பி ஆக்சிலுக்குப் போகும். பாடி உயர்ந்தால் அந்த வால்வு 'பின்னால் சுமை இல்லை' என்று எடுத்துக்கொண்டு பின்பிரேக்கைக் குறைத்துவிடும். கம்பியின் பிராக்கெட்டையும் அதற்கேற்ப உயர்த்த வேண்டும். உயிர் விஷயம் இது.

இத்தனை திட்டிவிட்டு நல்லதைச் சொல்லாவிட்டால் நியாயமில்லை. வண்டி இப்போது பள்ளத்தில் இறங்கி ஏறும்போது பின்பம்பர் தரையில் உரசுவதில்லை. புதிய ஷாக் அப்சார்பர்கள் அருமை. வெறும் வண்டியாக ஓட்டினால் பின்பக்கம் முன்பெல்லாம் துள்ளும், அது அடங்கிவிட்டது. டயர் 245/70ஆர்16-இலிருந்து 265/75ஆர்16-க்குப் போனேன். விட்டம் சுமார் 55 மில்லிமீட்டர் கூடுகிறது, அதில் பாதி, அதாவது 27 மில்லிமீட்டர்போல, டிஃபரென்ஷியலுக்குக் கீழே உண்மையான உயரமாகக் கிடைக்கிறது. கவனி: பின்பக்க ஆக்சிலைப் பொறுத்தவரை லிஃப்ட் கிட் ஒரு மில்லிமீட்டர்கூடத் தராது. கல்லில் இடிப்பது டிஃபரென்ஷியல்தான் என்றால், அதை உயர்த்துவது டயர் மட்டுமே. பதிலுக்கு ஸ்பீடோமீட்டர் குறைத்துக் காட்டும். முள் 100-இல் நின்றால் நிஜத்தில் 107 அளவில் போய்க்கொண்டிருப்பாய். கியரும் கொஞ்சம் கனத்துவிடும்.

நான் எதிர்பார்க்காமல் மனம் குளிர்ந்தது ஒரு முழ ரப்பர் குழாயில். டிஃபரென்ஷியலின் மூச்சுக்குழாயை நீட்டி பாடியின் உயரத்தில் கட்டிவிட்டேன். ஓடிச் சூடேறிய ஹவுசிங் ஓடை நீரில் இறங்கியதும் உள்ளே காற்று சுருங்கும். மூச்சுக்குழாய் தண்ணீருக்குள் இருந்தால் அது வழியாகவோ சீல் வழியாகவோ தண்ணீரை உள்ளே இழுத்துக்கொள்ளும். முன்பு மழைக்காலம் முடிந்து ஆயிலை இறக்கினால் பால் கலந்தது போல வெளுத்து வரும். குழாயை நீட்டியதிலிருந்து தேன் நிறத்தில் தெளிவாக இறங்குகிறது. நீயும் ஆயில் மாற்றும்போது, இறக்கும் போல்ட்டைத் தொடுவதற்கு முன் நிரப்பும் போல்ட் கழல்கிறதா என்று பார்த்துக்கொள். அது துருப்பிடித்து மாட்டிக்கொண்டால், ஆயில் இல்லாத வண்டி நின்ற இடத்திலேயே கிடக்கும்.

எல்லாவற்றையும் கூட்டிப் பார்த்தால் நல்லதுதான் அதிகம் என்று நீ சொல்வாய். இருக்கலாம். ஆனாலும் என் பதில், வேண்டாம். ஸ்பிரிங்கைத் தொடாதே. நல்ல டயர், நல்ல ஷாக், அந்த ரப்பர் குழாய், இத்தோடு நிறுத்திக்கொள். அடுத்த மாதம் கேட்டால் ஒருவேளை வேறு மாதிரி சொல்வேன், இப்போது சென்டர் பேரிங் கிரீஸ் என் நகக்கண்ணில் இருக்கிறது.

பேச்சைக் கேட்காமல் கிட் வாங்கிவிட்டாய் என்றால், ஒன்று மட்டும் செய். ஒரு போல்ட்டைக்கூடக் கழற்றுவதற்கு முன், சமதரையில், வெறும் வண்டியாக, ஷாஃப்டின் ஒவ்வொரு துண்டின் கோணத்தையும் டிஃபரென்ஷியல் ஃபிளாஞ்சின் கோணத்தையும் அளந்து எழுதி வை. அப்புறம் எனக்குப் போன் பண்ணு.