பலாவான் நிலத்தடி ஆறு: பெர்மிட்டில் உங்கள் பெயரைப் பார்க்காமல் பணம் கட்டாதீர்கள்

பிலிப்பீன்ஸின் பலாவான் தீவுக்குப் போகிறவர்கள் புவேர்ட்டோ பிரின்செசா நிலத்தடி ஆற்றுக்கென்று ஒரு முழு நாளை ஒதுக்கிவைப்பது வழக்கம். 2025ஆம் ஆண்டிலிருந்து இந்தியக் கடவுச்சீட்டு உள்ளவர்கள் சுற்றுலாவுக்காக 14 நாட்கள் வரை விசா இல்லாமல் அந்நாட்டில் தங்கலாம் என்று ஆகியிருப்பதால், நம்மவர்கள் பலரும் இப்போது அங்கே போகிறார்கள். கடந்த மார்ச் மாதம் என் குடும்பத்துக்கு அங்கே நேர்ந்ததை அவர்களுக்காகவே எழுதுகிறேன். புகார் இன்னும் நிலுவையில் இருப்பதால் ஏஜென்ஸியின் பெயரைக் குறிப்பிடவில்லை. எந்த ஏஜென்ஸியிடம் போனாலும், அவர்கள் கையாண்ட முறையைத் தெரிந்துவைத்திருந்தால் நீங்கள் தப்பிக்கலாம்.

முதலில் பெர்மிட் விஷயத்தைச் சொல்லிவிடுகிறேன். இந்த ஆறு ஒரு தேசியப் பூங்காவுக்குள் இருக்கிறது. 1999இல் யுனெஸ்கோ இதை உலகப் பாரம்பரியக் களமாக அறிவித்தது. சுண்ணாம்புப் பாறை மலையின் அடியில் 8.2 கிலோமீட்டர் ஓடி நேராகக் கடலில் கலக்கும் ஆறு இது என்பதால், கடலின் ஏற்றவற்றம் குகைக்குள்ளேயும் தெரியும். குகையின் வௌவால்களுக்கும் பறவைகளுக்கும் தொந்தரவு மிகாதபடி ஒரு நாளைக்கு இத்தனை பேர்தான் போகலாம் என்று வரம்பு வைத்திருக்கிறார்கள். ஆகவே ஒவ்வொருவர் பெயரிலும், குறிப்பிட்ட தேதிக்கு, முன்கூட்டியே பெர்மிட் எடுத்தாக வேண்டும். பெர்மிட் இல்லாமல் எவ்வளவு பணம் கொடுத்தாலும் உள்ளே போக முடியாது. நான் ஏமாந்தது இந்த இடத்தில்தான்.

நாங்கள் நான்கு பேர்: நான், மனைவி, பதினொரு வயது மகன், அறுபத்தெட்டு வயதான என் அம்மா. அம்மா முப்பது ஆண்டுகள் பள்ளியில் புவியியல் சொல்லிக்கொடுத்தவர். சுண்ணாம்புக் குகை எப்படி உருவாகிறது என்று கரும்பலகையில் எத்தனையோ முறை படம் வரைந்தவர், அப்படியொரு குகையை நேரில் பார்த்ததே இல்லை. இந்தப் பயணத்தையே அவருக்காகத்தான் திட்டமிட்டேன். தங்கியிருந்த விடுதிக்கு அருகில் கடை வைத்திருந்த ஏஜென்ஸியில் ஆளுக்கு 2,800 பெசோ வீதம் 11,200 பெசோவை ரொக்கமாகக் கட்டினேன். பெர்மிட் எங்கே என்று கேட்டபோது, "எல்லாம் நாங்கள் பார்த்துக்கொள்வோம் சார், பெர்மிட் ப்ராசஸில் இருக்கிறது, நாளை கைடு கையில் இருக்கும்" என்றார் கடையில் இருந்த பெண். ரசீதில் 'டூர்' என்ற சொல்லும் தொகையும் மட்டுமே இருந்தன. எங்கள் பெயரும் இல்லை, பெர்மிட் எண்ணும் இல்லை. அதைப் பார்த்தும் வாங்கிப் பையில் வைத்துக்கொண்டது என் தவறு.

மறுநாள் காலை ஆறரை மணிக்கு வேன் வந்தது. நகரத்திலிருந்து சபாங் படகுத்துறை ஏறத்தாழ 80 கிலோமீட்டர். மலைப்பாதையில் இரண்டு மணி நேரத்துக்கு மேல் பிடித்தது. அம்மாவுக்கு வளைவுகளில் தலைசுற்றல் வந்து இருமுறை வண்டியை நிறுத்தினோம். படகுத்துறையில் இறங்கியதும் மற்றவர்களை அனுப்பிவிட்டு எங்களை மட்டும் ஒரு மரநிழலுக்கு அழைத்துச் சென்ற கைடு, மடித்துவைத்திருந்த ஒரு தாளைப் பிரித்துக் காட்டினார். அது அன்றைய தேதியிட்ட பெர்மிட்தான், ஆனால் அதிலிருந்தவை வேறு யாரோ நான்கு பேரின் பெயர்கள். முந்தின இரவு பயணத்தை ரத்து செய்துவிட்டவர்களுடையது என்று அவரே சொன்னார். "கேட்டால் இந்தப் பெயரைச் சொல்லுங்கள், மேடம்" என்று அம்மாவிடம் ஒரு வரியை விரலால் தொட்டுக் காட்டினார்.

அம்மா அந்த வரியைக் கண்ணாடி போட்டுப் படித்தார். தாளைத் திருப்பிக் கொடுத்துவிட்டு என்னிடம், "என் பெயரை மாற்றிச் சொல்லச் சொல்கிறார், வா போகலாம்" என்றார். வேறெதுவும் பேசவில்லை. பேரப்பிள்ளையின் முன்னால் தன்னைப் பொய் சொல்லச் சொன்னது அவரை எவ்வளவு காயப்படுத்தியது என்பதை அன்று முழுவதும் அவர் முகத்தில் பார்த்தேன். பணம் போனதைவிட எனக்கு இன்னும் ஆறாமல் இருப்பது இதுதான்.

பெயர் சரிபார்க்கும் மேசைக்கு நானே போய்க் கேட்டேன். அங்கிருந்த ஊழியர் எங்கள் கடவுச்சீட்டுகளை வாங்கி அன்றைய பட்டியலோடு பொறுமையாக ஒப்பிட்டுப் பார்த்துவிட்டு, எங்கள் பெயரில் பெர்மிட் எதுவும் இல்லை என்றும், வேறொருவர் பெயரில் யாரையும் படகில் ஏற்ற மாட்டோம் என்றும் தெளிவாகச் சொன்னார். அவர் நடந்துகொண்டதில் ஒரு குறையும் இல்லை.

அதற்குப் பிறகுதான் கதையை மாற்றினார்கள். நான் தொலைபேசியில் அழைத்ததும் ஏஜென்ஸிக்காரர், கடல் கொந்தளிப்பாக இருப்பதால் படகுகளை நிறுத்திவிட்டார்கள், இயற்கைக் காரணத்துக்குப் பணம் திருப்பித் தர இயலாது என்றார். அவர் அதைச் சொல்லிக்கொண்டிருந்தபோதே என் கண்ணெதிரில் இருபுறமும் மூங்கில் கட்டிய படகுகள் ஒன்றன்பின் ஒன்றாகப் புறப்பட்டுப் போய்க்கொண்டிருந்தன. உண்மையிலேயே கடல் மோசமானால் கடலோரக் காவல் படை படகுகளை நிறுத்திவிடும் என்பதும், தென்மேற்குப் பருவக்காற்றின் மாதங்களில் அந்தக் கரையில் அது அடிக்கடி நடப்பதும் மெய். அந்த மெய்யைத்தான் இவர்கள் பொய்க்கு மறைப்பாக எடுத்துக்கொண்டார்கள். யாராவது உங்களிடம் இந்தக் காரணத்தைச் சொன்னால், படகுத்துறை ஊழியரிடம் நேரில் கேட்டுவிட்டு, படகுகள் போவதைத் தேதியும் நேரமும் தெரியும்படி படம் எடுத்துவைத்துக்கொள்ளுங்கள். நான் எடுத்த மூன்று படங்கள்தான் இப்போது என் புகாருக்குப் பலமாக இருக்கின்றன.

கைடு அதோடு விடவில்லை. ஆற்றுக்குப் பதிலாகச் சதுப்புநிலக் காட்டில் துடுப்புப் படகுச் சவாரி போகலாம் என்றும், அதற்குத் தனியாகப் பணம் கட்ட வேண்டும் என்றும் சொன்னார். மறுத்துவிட்டோம். மாலையில் கடையில் இரண்டு மணி நேரம் வாதாடியபின் 2,000 பெசோவை நீட்டினார்கள். அதை வாங்கினால் முழுத் தீர்வு ஆகிவிட்டதாகக் கையெழுத்துப் போட வேண்டும் என்றதால் வாங்காமல் வந்துவிட்டேன்.

மறுநாள் நகரத்திலுள்ள பூங்கா அலுவலகத்துக்கு நானே போனேன். கடவுச்சீட்டுகளைக் காட்டிப் பணம் கட்டியதும், அடுத்த நாளுக்கு இடம் இருந்ததால், நான்கு பேரின் பெயரும் அச்சிட்ட பெர்மிட்டைக் கையில் கொடுத்தார்கள். இது இவ்வளவு எளிது என்று முன்பே தெரிந்திருந்தால் ஏஜென்ஸியையே நாடியிருக்க மாட்டேன். பொது வேனில் சபாங் வரை போய், படகு வாடகையை அங்கேயே கட்டிப் போய்வந்தோம். எல்லாம் சேர்த்தும் செலவு ஏஜென்ஸியில் கட்டியதைவிடக் குறைவு.

அந்தக் குகையைப் பற்றியும் சொல்ல வேண்டும், ஏனென்றால் இதைப் படித்துவிட்டு யாரும் போகாமல் இருந்துவிடக் கூடாது. சபாங்கிலிருந்து இருபது நிமிடம் கடலில் போய் ஒரு மணற்கரையில் இறங்கி, உடும்பும் குரங்கும் நடமாடும் காட்டு வழியில் கொஞ்ச தூரம் நடந்தால், பச்சை நீர் தேங்கிய குகை வாய் தெரிகிறது. தலைக்கவசமும் மிதவைச் சட்டையும் போட்டு, காதில் ஒலி வழிகாட்டியை மாட்டி, துடுப்புப் படகில் சுமார் ஒன்றரைக் கிலோமீட்டர் உள்ளே கூட்டிப்போகிறார்கள். படகோட்டி விளக்கைத் திருப்பும் இடத்தில் மட்டும்தான் உலகம் இருக்கிறது. மற்றதெல்லாம் இருட்டும் துடுப்பின் ஓசையும். கூரையில் வௌவால்கள் கொத்துக் கொத்தாகத் தொங்குகின்றன, உழவாரக் குருவிகள் தலைக்கு மேலே கிறீச்சிட்டுப் பறக்கின்றன. அண்ணாந்து பார்க்கும்போது வாயை மூடிக்கொள்ளச் சொல்கிறார்கள், அதை மறக்காதீர்கள். ஒரு சுண்ணாம்புக் கூம்பின் நுனியில் துளி திரண்டு நிற்பதைக் காட்டி, "இந்தத் துளி விட்டுப்போகிற சுண்ணாம்புதான் அந்தக் கூம்பாக வளர்கிறது" என்று அம்மா மகனுக்குச் சொல்லிக்கொடுத்தார்.

சபாங் மக்கள்மீது எனக்கு எந்த வருத்தமும் இல்லை. 2021 டிசம்பரில் ராய் புயல் அந்தக் கரையைச் சூறையாடியபின், இந்த ஆற்றை நம்பித்தான் படகோட்டிகள் மீண்டும் எழுந்திருக்கிறார்கள். நகரத்தில் கடை போட்டு இப்படி ஏமாற்றுகிறவர்களால் அவர்களுடைய பிழைப்பும் கெடுகிறது.

ஏஜென்ஸி மூலம்தான் போக வேண்டும் என்றால், பணம் கட்டுமுன் பெர்மிட்டைக் கண்ணால் பார்த்து, கடவுச்சீட்டில் உள்ளபடியே உங்கள் பெயரும் நீங்கள் போகும் தேதியும் அதில் இருக்கின்றனவா என்று ஒவ்வோர் எழுத்தாகச் சரிபாருங்கள். பெர்மிட் ப்ராசஸில் இருக்கிறது என்றால் முன்பணம் மட்டும் கொடுங்கள், மீதியைப் பெர்மிட் கைக்கு வந்தபின் கொடுங்கள். படகு ஓடாவிட்டால் எவ்வளவு திரும்பக் கிடைக்கும், பெர்மிட் வராவிட்டால் எவ்வளவு என்பதை இரண்டாகப் பிரித்து ரசீதிலேயே எழுதி வாங்குங்கள். முடிந்தவரை ரொக்கமாகக் கட்டாதீர்கள்.

ரசீது, படங்கள், தொலைபேசிச் செய்திகள் எல்லாவற்றையும் இணைத்து நகரச் சுற்றுலா அலுவலகத்துக்கு எழுத்து மூலம் புகார் கொடுத்திருக்கிறேன். பெற்றுக்கொண்டதாகப் பதில் வந்திருக்கிறது. பணம் இன்னும் வரவில்லை. வந்தால் அதையும் இங்கேயே தெரிவிப்பேன்.