பட்டமா, ஓஎஸ்சிபியா?

ராமேஸ்வரம் பக்கத்து மண்டபம் ஊரில் இருக்கும் அக்கா மகன் பிளஸ் டூ முடித்துவிட்டு, "காலேஜ் வேண்டாம் மாமா, நேரா ஓஎஸ்சிபி எழுதுறேன்" என்கிறான். தகவல் பாதுகாப்பு வேலைதான் அவன் கனவு. ஓஎஸ்சிபி என்பது, அனுமதியோடு கணினிகளுக்குள் ஊடுருவிச் சோதிக்கும் திறனுக்கான சான்றிதழ்த் தேர்வு.

அவன் சொல்வதிலும் நியாயம் இருக்கிறது. அந்தத் தேர்வு 23 மணி 45 நிமிடம். வெப்கேம் கண்காணிப்பில், முன்பின் தெரியாத கணினிகளுக்குள் நுழைந்து காட்ட வேண்டும். அடுத்த 24 மணி நேரத்துக்குள் அறிக்கை. மனப்பாடம் உதவாது. கல்லூரியில் இவ்வளவு செய்முறை கிடைக்காது. செலவுதான் லட்சத்தைத் தாண்டும். காற்றடி காலத்தில் கரண்டும் நெட்டும் நிற்காத இடம் பார்ப்பது தனிப் பாடு.

ஆனால் நேற்றிரவு திண்ணையில் நெட்வொர்க்கில் போய்வரும் தரவைக் காட்டும் வயர்ஷார்க் மென்பொருளைத் திறந்து, "இணைப்பு தொடங்கும்போது ஏன் மூணு பாக்கெட், அதாவது மூணு தரவுத் துண்டு, போய்வருது?" என்று கேட்டேன். முழித்தான். பட்டப்படிப்பு அந்த அடித்தளத்தைத் தரும். அப்புறம், அரசு வங்கி ஐடி அதிகாரி பணிக்குப் பட்டம் இல்லாமல் விண்ணப்பிக்கவே முடியாது. கீழக்கரையிலிருந்து வளைகுடா போகிறவர்களிடமும் பல நேரம் அட்டெஸ்டேஷன் (அதிகாரபூர்வ சான்றொப்பம்) செய்த பட்டச் சான்றிதழைத்தான் கேட்பார்கள். தகவல் பாதுகாப்பில் அனுபவசாலிகளுக்கான சிஐஎஸ்எஸ்பி சான்றிதழுக்கு வேண்டிய 5 வருட அனுபவத்தில்கூட கணினிப் பட்டம் 1 வருடத்தைக் குறைக்கும்.

எனக்குப் பட்டம்தான் முதலில். முதல் வருடமே லினக்ஸ் பழகட்டும், மூன்றாம் வருடம் ஓஎஸ்சிபி எழுதட்டும். கட்டணம் என் பொறுப்பு என்று அக்காவிடம் சொல்லிவிட்டேன்.