டைனோவில் ஒரு சிவிக்: திருகோணமலையிலிருந்து சென்று டியூன் செய்வித்த அனுபவம்

எஞ்சினில் மாற்றங்கள் செய்து, சக்கரங்களை உருளைகளில் ஓடவிட்டுப் பவரை அளக்கும் இயந்திரமான டைனோவில் டியூன் செய்வித்தேன் என்று சொன்னவுடன், எத்தனை பரிவலு வந்தது என்றுதான் நண்பர்கள் கேட்கிறார்கள். விடையை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: சக்கரத்தில் 152. ஆனால் நான் கொடுத்த பணத்துக்கு உண்மையான பெறுமதி கிடைத்தது, அந்த எண் திரையில் தோன்றுவதற்கு முன்னர் கழிந்த மூன்று மணித்தியாலங்களில்தான். அவ்வளவு நேரமும் டியூனர், பெற்றோலின் அளவையும் தீப்பொறியின் நேரத்தையும் எஞ்சினுக்குச் சொல்லும் எண் அட்டவணையான மேப்பில் ஓர் இலக்கத்தையேனும் மாற்றவில்லை.

கார் ஹொண்டா சிவிக் எஸ்.ஐ.ஆர்., இ.கே.4 வகை. அதன் பி16ஏ எஞ்சின் 1595 சீசீ கொள்ளளவில், டர்போ எதுவுமின்றி, 7800 ஆர்.பி.எம்.மில் 170 பரிவலு தருவதாகத் தயாரிப்பாளர் குறித்த ஒன்று. வால்வுகளைத் திறக்கும் உயரம் கூடிய காம் ஷாஃப்ட் இரண்டு, அவற்றுக்கேற்ற வால்வ் ஸ்பிரிங்குகள், புகையை வெளியேற்றும் நான்கு-இரண்டு-ஒன்று ஹெடர், காற்றை உள்ளெடுக்கும் அகலமான இன்டேக், பெற்றோலைப் பீய்ச்சும் 410 சீசீ இன்ஜெக்டர்கள் ஆகியவற்றை எங்கள் ஊர் அநுராதபுரச் சந்திப் பக்கத்துக் கராஜ் ஒன்றில் சில மாதங்களாகச் சிறிது சிறிதாகப் பூட்டினோம். எஞ்சினைக் கட்டுப்படுத்தும் கணினியான ஈ.சி.யூ.வுக்குப் பதிலாக, மேப்பை மாற்றி எழுத உதவும் ஹொண்டேட்டா எஸ்300 பலகை பொருத்திய பழைய ஓ.பி.டி.1 வகை ஈ.சி.யூ. ஒன்றும், அதைக் காரின் வயரிங்குடன் இணைக்கும் இடைத்தொடுப்பும் வந்தன. பூட்டுவது வரை எங்கள் ஊரிலேயே முடிந்தது. புதிய காமுக்கு எவ்வளவு பெற்றோல் வேண்டும், தீப்பொறி எந்தப் பாகையில் விழ வேண்டும் என்பதை எஞ்சினுக்குச் சுமை கொடுத்து அளந்தாலன்றிச் சொல்ல முடியாது. அதற்காகத்தான் கொழும்புக்கு வெளியே உள்ள ஒரு டைனோ கூடத்துக்குப் போனேன். பின்னால் ஒரு குறையையும் சொல்ல வேண்டியிருப்பதால் அந்தக் கூடத்தின் பெயரை எழுதவில்லை.

முன்பதிவுக்காகத் தொலைபேசியில் கதைத்தபோதே எனக்கு நம்பிக்கை பிறந்தது. எவ்வளவு பவர் வேண்டும் என்று டியூனர் கேட்கவில்லை. பூட்டிய பாகங்களின் பட்டியல், கம்பிரஷன் சோதனையின் அளவுகள், வால்வ் இடைவெளி பார்த்த திகதி, வழமையாக அடிக்கும் பெற்றோல் 92 ஒக்டேனா 95 ஒக்டேனா என்பவற்றை வரிசையாகக் கேட்டார். சரியான மேப் இல்லாமல் கந்தளாய், ஹபரணை, தம்புள்ளை, குருநாகல் வழியாக ஏறத்தாழ 260 கிலோமீற்றர் ஓட்டி வர வேண்டாம், லொறியில் ஏற்றி வாருங்கள் என்றும் சொன்னார். லொறிச் செலவு எனக்குக் கசந்தது. ஆனாலும் அவர் சொன்னதே சரி. 2020 மார்ச்சில் நின்ற வாகன இறக்குமதி 2025இல் மீண்டும் திறந்துவிட்டாலும், இந்த வயதுக் கார் இனி நாட்டுக்குள் வரப்போவதில்லை. ஒரு பிஸ்டன் போனால், கொழும்பில் பழைய உதிரிப்பாகங்கள் விற்கும் பஞ்சிகாவத்தையில் நல்ல பி16 ஒன்று கண்ணில் படும்வரை காத்திருக்க வேண்டியதுதான்.

கார் இறங்கியதும் அவர் பொனற்றைத் திறந்து, தேர்மோஸ்டாட் மூடியருகே பூட்டியிருக்கும் ஏர்த் கம்பியைத்தான் முதலில் பார்த்தார். ஹொண்டாவின் பி வரிசை எஞ்சின்களில் ஈ.சி.யூ.வுக்கும் சென்சர்களுக்கும் அடிப்படையான ஏர்த் அந்த இடத்தில் இருக்கிறது. ஆணியைக் கழற்றியபோது வளையத்தின் அடியிலிருந்து பச்சைத் தூள் கொட்டியது. எங்கள் உப்புவெளியில் கடலிலிருந்து கூப்பிடு தூரத்தில் நிற்கும் வாகனங்களில் ஆணிகள் துருப்பிடிப்பதை நாங்கள் பார்த்துப் பழகியிருக்கிறோம். அதே உப்புக்காற்று ஒரு செப்பு வளையத்துக்கும் அலுமினியத்துக்கும் இடையில் புகுந்து, சென்சர்கள் சொல்லும் அளவையே பிறழச் செய்யும் என்று நான் நினைத்திருக்கவில்லை. அவர் அரத்தாளால் இரண்டு முகங்களையும் வெள்ளையாகத் தேய்த்து, கிரீஸ் தடவிப் பூட்டினார். சென்சர் அளவுகளில் அதுவரை இருந்த நடுக்கம் நின்றுவிட்டது. கடற்கரை ஊர்களில் இந்தக் கார் வைத்திருப்பவர்கள் எங்கும் போகாமல் வீட்டிலேயே செய்து பார்க்கக்கூடிய வேலை இது.

பிறகு முன்சக்கரங்களை உருளைகளின் மேல் ஏற்றி, நான்கு பக்கமும் பட்டிகளால் இறுக்கி, எக்சோஸ்ட் முனையில் வைட்பேண்ட் ஒட்சிசன் சென்சரைச் செருகி, நான்காம் கியரில் முதல் ஓட்டத்தைத் தொடங்கினார். முழுத் திரொட்டிலில், அதாவது அக்சிலரேட்டரை முழுதாக மிதித்த நிலையில், ஒரு பங்கு பெற்றோலுக்குக் காற்று எத்தனை பங்கு என்ற காற்று-எரிபொருள் விகிதம் 12.8 அளவில் நிற்க வேண்டும் என்பது அவருடைய இலக்கு. 6000 ஆர்.பி.எம். வரை அதற்கு அருகிலேயே நின்ற கோடு, அதற்கு மேல் 13.5, 14.2 என்று ஏறத் தொடங்கியது. பெற்றோல் போதாமல் எஞ்சின் வெறுங்காற்றில் வெந்துகொண்டிருந்தது. 6500ஐத் தாண்டியதும் அவர் காலை எடுத்துவிட்டார்.

அடுத்து அவர் செய்ததற்காகவே இந்த மதிப்பீட்டை எழுதுகிறேன். அந்த இடத்தில் மேப்பின் மேல் வரிசைகளில் பெற்றோலைப் பத்து, பதினைந்து வீதம் கூட்டிவிட்டால் திரையில் கோடு நேராகிவிடும். வாடிக்கையாளரும் மகிழ்ச்சியோடு போய்விடுவார். அவர் அப்படிச் செய்யாமல் இன்ஜெக்டர்களுக்குப் பெற்றோல் கொண்டுசெல்லும் குழாயான எரிபொருள் ரெயிலில் ஒரு அழுத்தமானியைப் பூட்டி மறுபடி ஓட்டினார். 3 பார் அளவில் நிற்க வேண்டிய முள் 2.2 வரை இறங்கியது. பெற்றோல் பில்டரைக் கழற்றி அதிலிருந்ததை ஒரு வெள்ளைத் தட்டில் ஊற்றியபோது, தேயிலைச் சாயம் போன்ற கலங்கலும் அடியில் செந்நிறத் துருவும் தெரிந்தன. 2022இல் பெற்றோல் தட்டுப்பாட்டின்போது கார் பாதித் தாங்கியுடன் மாதக்கணக்கில் அசையாமல் நின்றது நினைவுக்கு வந்தது. தாங்கியின் மேற்பாதி அந்நாட்களில் உள்ளே துருப்பிடித்து, பிற்பாடு அந்தத் துரு முழுவதும் பில்டரில் வந்து படிந்திருக்கிறது. பில்டரை மாற்றி, தாங்கியை வடித்துக் கழுவிய பின்னர், மேப்பைத் தொடாமலேயே விகிதம் உச்சி வரை 13க்குள் நின்றது. அடைபட்ட பில்டருக்கு மேப் எழுதியிருந்தால், என்றாவது ஒருநாள் நான் பில்டர் மாற்றிய அன்றே எஞ்சின் அளவுக்கு மீறிப் பெற்றோல் குடிக்கத் தொடங்கியிருக்கும்.

வால்வுகள் திறக்கும் அளவை மாற்றும் ஹொண்டாவின் வீடெக் அமைப்பு மாறும் புள்ளியை அவர் தேர்ந்த முறையும் என் மனதில் நின்றது. வீடெக்கில் தாழ்ந்த காம், உயர்ந்த காம் என்று இரண்டு வடிவங்கள் உண்டு. எண்ணெய் அழுத்தம் ஒரு முளையைத் தள்ளி ரொக்கர் கைகளைப் பூட்டும்போது வால்வுகள் உயர்ந்த வடிவத்துக்கு மாறுகின்றன. எந்த ஆர்.பி.எம்.மில் மாற வேண்டும் என்பதை ஊகத்தில் வைக்காமல், தாழ்ந்த காமில் மட்டும் ஓர் ஓட்டமும், உயர்ந்த காமில் மட்டும் இன்னோர் ஓட்டமும் எடுத்து, இரண்டு டோர்க் (சுழற்றுவிசை) கோடுகளையும் ஒன்றன்மேல் ஒன்று வைத்தார். அவை வெட்டிக்கொண்ட இடம் 5300. அங்கேயே மாற்றத்தை வைத்ததால், முன்பு 5700 அளவில் முதுகில் இடித்த அந்த உதை போய்விட்டது. அந்த உதையைத்தான் வேகம் என்று நினைத்து விரும்புகிறவர்கள் நிறையப் பேர். அது மாற்றம் பிந்துவதால் உண்டான பள்ளம் என்பதைக் கோட்டில் பார்த்த பிறகு எனக்கு அதில் ஆசை இல்லை.

தீப்பொறியை ஒவ்வொரு பாகையாக முன்னே தள்ளும்போது, எஞ்சின் புளொக்கில் பூட்டிய ஒரு செப்புக் குழாயின் மறுமுனையைக் காதுக்கவசத்தோடு இணைத்துக் கேட்டுக்கொண்டே இருந்தார். ஓர் ஓட்டத்தின்போது அதை என் காதிலும் வைத்தார். ஒரே சீரான இரைச்சலுக்கு நடுவில், சுடுசட்டியில் கடுகு வெடிப்பது போல மெல்லிதாக இரண்டு, மூன்று சத்தங்கள். “இதுதான் நொக், தம்பி. வெளியில் நின்றால் இது கேட்காது. கேட்கிற அளவுக்கு வரும்போது பிஸ்டன் போயிருக்கும்” என்றார். நொக் என்பது சிலிண்டருக்குள் பெற்றோல்-காற்றுக் கலவை ஒழுங்கின்றித் தானாக வெடிப்பது. அந்த இடத்திலிருந்து இரண்டு பாகை பின்னே இழுத்துவிட்டார். கடைசியாகக் கூட்டிய பாகையால் டோர்க் கூடவும் இல்லை என்பதைத் திரையில் காட்டினார். எங்கள் ஊரில் 95 ஒக்டேன் எந்நேரமும் கிடைக்குமா என்று அவர் கேட்டபோது, திருகோணமலைச் சீனக்குடாவில் 99 எண்ணெய்த் தாங்கிகளைப் பார்த்துக்கொண்டு வளர்ந்தவன் நான் என்றாலும், இரவு நேரங்களில் சில வேளை 92தான் கிடைக்கிறது என்ற உண்மையைச் சொன்னேன். அப்படியானால் 92 அடித்த நாளில் 5000க்கு மேல் போக வேண்டாம் என்று எழுதியே தந்தார்.

அச்சிட்ட தாளைப் பற்றி ஒரு வார்த்தை. முதலில் அவர் உதவியாளர் தந்த தாளில் 158 என்று இருந்தது. கீழே சிறிய எழுத்தில் எஸ்.டி.டி. திருத்தம் என்று போட்டிருந்ததைக் கவனித்து, எஸ்.ஏ.ஈ. திருத்தத்தில் அச்சிட்டுத் தரும்படி கேட்டேன், 152 ஆயிற்று. எஞ்சின் ஒன்றே, ஓட்டமும் ஒன்றே. காற்றின் வெப்பத்தையும் அழுத்தத்தையும் எந்த அளவுகோலுக்குச் சமப்படுத்துகிறார்கள் என்பதில்தான் ஏறத்தாழ நான்கு வீத வேறுபாடு வருகிறது. இருவர் தங்கள் தாள்களை ஒப்பிடும்போது இதைப் பார்க்காமல் வாதிடுவதில் பயனில்லை. தொழிற்சாலை சொன்ன 170 எஞ்சினின் கிராங்கில் அளந்தது, என் 152 இடையில் கியர்பெட்டி தின்றது போகச் சக்கரத்தில் அளந்தது என்பதையும் சேர்த்துக்கொள்ள வேண்டும். மாற்றங்கள் செய்வதற்கு முன்னர் ஓர் ஓட்டம் எடுத்து வைக்காதது என் தவறு. கூடியது எவ்வளவு என்று இன்று என்னால் சொல்ல முடியாது.

இனிக் குறை. முழுத் திரொட்டிலில் அவ்வளவு நுணுக்கமாக உழைத்தவர்கள், கார் சூடாக இருக்கும்போதே மாலையில் ஒப்படைத்துவிட்டார்கள். குளிர்ந்த எஞ்சினைக் கிளப்பிப் பார்க்கவில்லை. மறுநாள் காலை உப்புவெளியில் சாவியைத் திருப்பியபோது மூன்று தரம் அணைந்தது. உட்துறைமுக வீதியில் நெரிசலில் ஏ.சி. போட்டபோது ஆர்.பி.எம். 500க்கு விழுந்து, எஞ்சின் நிற்கப் போவது போல நடுங்கியது. ஒருவர் காரை ஓட்டும் நேரத்தில் முழுத் திரொட்டில் எத்தனை விநாடி? ஐடிலும் (கார் நிற்க எஞ்சின் மட்டும் ஓடும் நிலை) அரைத் திரொட்டிலும்தான் அன்றாட வாழ்வு. வருடாந்தப் புகைப் பரிசோதனையும் ஐடிலிலும் 2500 ஆர்.பி.எம்.மிலும்தான் நடக்கிறது. எஞ்சின் ஓடும்போது ஈ.சி.யூ. பதிந்த அளவுகளை நான் மடிக்கணினியில் எடுத்து அனுப்பினேன். பதில் வர ஐந்து நாட்கள் ஆயின. அதற்குள் இரண்டு தரம் நினைவூட்ட வேண்டியிருந்தது. வந்த திருத்திய மேப்பும் பாதிதான் சரிசெய்தது. இரண்டாவது மேப்பில்தான் காலையில் ஒரே திருப்பலில் கிளம்பி, ஏ.சி.யோடு 850இல் நின்றது. இதற்கு மேலதிகக் கட்டணம் எடுக்கவில்லை என்பதையும் சொல்ல வேண்டும். ஆனாலும், தூர ஊரிலிருந்து வருபவரின் காரை ஓர் இரவு நிறுத்திவைத்து, காலையில் குளிரக் கிளப்பிப் பார்த்துக் கொடுப்பது அவர்களுடைய வேலையின் பகுதியாக இருந்திருக்க வேண்டும்.

டியூனுக்கு 90,000 ரூபா; பில்டருக்கும் தாங்கி கழுவியதற்கும் தனியாக. லொறியோடு பார்த்தால் கிழக்கிலிருந்து போகிற ஒருவருக்கு இது சிறிய தொகை அல்ல. வெறும் இன்டேக்கும் சைலன்சரும் மாற்றியவர்கள் இதற்குப் போக வேண்டியதில்லை. காம், இன்ஜெக்டர், டர்போ என்று எதைத் தொட்டவரும் போகாமல் இருக்கக் கூடாது. போகிறவர்கள் கொழும்பில் ஓர் இரவு தங்குவதற்கு ஆயத்தமாகப் போய், குளிர்ந்த கிளப்பலும் ஏ.சி. ஐடிலும் பார்த்துத் தர வேண்டும் என்று முன்பணம் கட்டும்போதே பேசிக்கொள்ளுங்கள்.

சென்ற வாரம் தென்மேற்கிலிருந்து வரும் வறண்ட கச்சான் காற்று உச்சத்தில் வீசிய ஒரு மதியம், நிலாவெளி வீதியில் மெதுவாகப் போய் வந்து பதிவுகளைப் பார்த்தேன். இன்டேக் காற்றின் வெப்பம் 52 பாகையைத் தொட்டிருந்தது. அந்த இடத்தில் தீப்பொறி தானாக இரண்டு பாகை பின்வாங்கியிருந்தது. திருகோணமலையின் ஆடி வெயிலுக்கென்று அவர் தனியாக எழுதி வைத்த வரிசை அது.