ஜெர்சி கலப்பா, ஹெச்.எஃப். கலப்பா, காங்கேயமா, எருமையா?

மச்சான் ஒருவர் சென்னை வேலையை விட்டுவிட்டு ஊருக்கு வந்து மாடு வாங்கப் போகிறார். போனில் அவர் கேட்ட முதல் கேள்வி, "எது அதிகமா கறக்கும்?" நான் திருப்பிக் கேட்டேன்: "கோடையில கிணத்துல தண்ணி நிக்குமா? தட்டுப்போர் எத்தனை மாசம் வரும்? சாணி அள்ள யார் இருக்கா?" அவருக்கு எரிச்சல் வந்துவிட்டது. ஆனால் இந்த மூன்றுக்கும் பதில் தெரியாமல் இனத்தை முடிவு செய்ய முடியாது.

லிட்டர் கணக்கு மட்டும்தான் என்றால் ஹெச்.எஃப். (ஹோல்ஸ்டீன் ஃப்ரீசியன் என்கிற அயல் இனம்) கலப்பு முந்திக்கொள்ளும். நன்றாகப் பார்த்துக்கொண்டால் நாளைக்குப் பதினைந்து லிட்டர் வரும். கொழுப்பு 3.5 சதவீதத்தை ஒட்டியே நிற்கும். பால் சொசைட்டியில் கொழுப்பையும், கொழுப்பு போக மிச்சமுள்ள திடச்சத்தான எஸ்.என்.எஃப்.-ஐயும் பார்த்துத்தானே காசு போடுகிறார்கள்? கேன் நிறைந்த அளவுக்குப் பை நிறையாது. அதைவிடப் பெரிய தொல்லை வெயில். ஒருமுறை தகர ஷீட் கொட்டகையில் ஹெச்.எஃப். கட்டி வைத்தேன். தப்பு என்னுடையதுதான். சித்திரை மதியம் இரண்டு மணிக்கு நாக்கைத் தொங்கப்போட்டு, எச்சில் ஒழுக, தீவனத்தை மோந்துகூடப் பார்க்காமல் நின்றது. அந்த மாதத்தில் பால் பாதியாக இறங்கியது, சினை ஊசி இரண்டு முறை நிற்கவில்லை. சமவெளிக்கு ஜெர்சி, நீலகிரி மாதிரி மலைப்பகுதிக்கு ஹெச்.எஃப். என்று தமிழக அரசின் இனப்பெருக்கக் கொள்கை பிரித்து வைத்திருப்பது சும்மா இல்லை. அயல் ரத்தம் பாதிக்கு மேல் ஏற ஏறப் பால் கூடலாம், ஆனால் உண்ணிக் காய்ச்சலும் மடிநோயும் கூடவே வரும்.

ஜெர்சி கலப்பு சின்ன உடம்பு, அளவான தீனி. எட்டிலிருந்து பன்னிரண்டு லிட்டர், கொழுப்பு நாலரைக்கு மேல். இரண்டு மூன்று மாடு வைத்துப் பிழைக்கிற வீட்டுக்கு இதற்கு இணை கிடையாது. குறை ஒன்றுதான்: காளைக்கன்று பிறந்தால் யாருக்கும் வேண்டாம். பாலினம் பிரித்த விந்து ஊசி போட்டால் பத்தில் ஒன்பது கிடாரிக் கன்று என்கிற அளவுக்கு வந்துவிட்டதால் அந்தத் தலைவலியும் குறைகிறது.

காங்கேயம் பற்றிப் பேசினால்தான் சண்டை வருகிறது. செவலையாகப் பிறந்த கன்று ஆறு மாதத்தில் வெளுத்து மயிலையாகிற அழகைப் பார்த்தவன் அந்த மாட்டை விடமாட்டான், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் அது உழவுக்கும் வண்டிக்கும் வளர்ந்த இனம். கன்றுக்கு விட்டது போக இரண்டு மூன்று லிட்டர் கறந்தால் பெரிது. தலையீத்துக்கே மூன்றரை, நாலு வருஷம் காத்திருக்க வேண்டும். "ஏ2 பால், லிட்டர் நூறு ரூபாய்க்குப் போகும்" என்று சொல்லி அதைக் கறவை மாடாக விற்பவரிடம் வாங்காதீர்கள். ஏ1, ஏ2 என்பது பீட்டா கேசின் என்ற புரதத்தில் 67-ஆவது இடத்தில் உள்ள ஒரே ஒரு அமினோ அமில வித்தியாசம். உணவுப் பாதுகாப்பு ஆணையமே 2024 ஆகஸ்டில் பாக்கெட்டில் ஏ2 என்று போடாதே என்று உத்தரவிட்டு, ஒரு வாரத்துக்குள் அதைத் திரும்பவும் வாங்கிக்கொண்டது.

இதே மாட்டைக் கொறங்காட்டில், அதாவது வேலி போட்ட மேய்ச்சல் காட்டில், வைத்துப் பாருங்கள், கணக்கே மாறும். சுற்றிக் கிளுவை வேலி, உள்ளே கொழுக்கட்டைப்புல், நடுநடுவே வெள்வேல மரம். வேறு வெள்ளாமை சரியாக வராத மானாவாரி நிலம் அது. கோடையில் புல் காய்ந்தாலும் உதிர்கிற வெள்வேலங்காயைத் தின்று மாடு தாங்கிக்கொள்ளும். லாரியில் புண்ணாக்கு வர வேண்டியதில்லை, மின்விசிறி வேண்டியதில்லை. பூமியைச் சூடாக்குகிற மீத்தேன் வாயுவை மாடு ஏப்பமாக விடுகிறதே, அதைப் பால் லிட்டருக்கு எவ்வளவு என்று அளந்தால் காங்கேயம் தோற்கும். அந்த நிலத்திலிருந்து வேறு என்ன எடுக்க முடியும் என்று கேட்டால் பதிலில்லை. கொறங்காடு இருப்பவர் வளர்க்கலாம், கன்றும் காளையும்தான் வருமானம். அரை ஏக்கரில் கோ-4 தீவனப்புல் போட்டுக் கட்டுத்தறியில் வைத்திருப்பவருக்கு அது சரிப்படாது.

எல்லோரும் மறந்துபோனது எருமை. அதன் பாலும் ஏ2-தான், யாரும் போஸ்டர் ஒட்டுவதில்லை! முர்ரா இன எருமை என்றால் கொழுப்பு ஏழு சதவீதம் வரும், தயிர் கத்தியால் வெட்டுகிற மாதிரி உறையும். 2022 நவம்பரில் ஆவின் கொள்முதல் விலையை ஏற்றியபோது பசும்பாலுக்கு 35 ரூபாய், எருமைப்பாலுக்கு 44 ரூபாய். வைக்கோலும் காய்ந்த தட்டும் போட்டாலும் முகம் சுளிக்காது. அப்படியிருந்தும் தமிழ்நாட்டில் எருமைகள் 2012 கணக்கெடுப்புக்கும் 2019 கணக்கெடுப்புக்கும் இடையில் மூன்றில் ஒரு பங்கு குறைந்துவிட்டன. காரணம் உண்டு. எருமைக்கு ஊமைச் சினைப்பருவம். கத்தாது, காட்டிக்கொடுக்காது, ராத்திரியில் வந்து விடிவதற்குள் போய்விடும். ஒரு பருவம் தவறினால் இருபத்தொரு நாள் தீவனம் வீண். கறுப்புத் தோலில் வியர்வைச் சுரப்பியும் கம்மி என்பதால் மதியம் தண்ணீரில் கிடக்க வேண்டும், இல்லை ஹோஸ் பிடித்து நனைக்க வேண்டும்.

மச்சானுக்குக் கிணறு வற்றாது, வீட்டில் அத்தை ராத்திரி எழுந்து கட்டுத்தறியை எட்டிப்பார்க்கிற பழக்கம் உள்ளவர். அதனால் ஜெர்சி கலப்பு இரண்டு, முர்ரா ஒன்று என்று சொல்லியிருக்கிறேன். வாங்கப் போகும்போது ஒன்று மட்டும் கவனம்: முதல் நாள் சாயங்காலம் கறக்காமல் விட்டு, மறுநாள் புடைத்த மடியைக் காட்டுவார்கள். அடுத்தடுத்து மூன்று வேளை கூடவே நின்று கறந்து பார்த்துவிட்டு அட்வான்ஸ் கொடுங்கள்.